ஸ்க்ரூ தலையில் நாலு கோடு

பரிமளா பிட்டுகளை ஜாமெட்ரி பாக்ஸில்தான் வைத்திருந்தாள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வாங்கிய பாக்ஸ். காம்பஸ் கிடந்த பள்ளத்தில் இப்போது விரல் நீளம்கூட இல்லாத எஃகுத் துண்டுகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைத்தாள் ஒட்டிப் பொடி எழுத்தில் பெயர். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடி ஒன்றுதான். வேலைக்கு ஏற்ற பிட்டை அதில் செருகிக்கொள்ள வேண்டும்.

"பரீட்ச எத்தினி மணிக்கு பாப்பா?" என்றார் தண்டபாணி.

அவர் அந்தப் பக்கத்துப் பழைய வயர்மேன். அன்று அவருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. வேதகிரியின் புது வீட்டுக்கு இரண்டு பெண்கள் வயரிங் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உத்திரமேரூர் போகிற வழியில் பைக்கை நிறுத்தியிருந்தார். சிமெண்ட் மூட்டைமேல் வசதியாக உட்கார்ந்து, கொத்தனாருக்கு வந்த டீயில் ஒன்றைத் தனதாக்கிக்கொண்டார்.

பரிமளா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் சேர்த்துப் பேச அம்சா இருந்தாள்.

"பதினோரு மணிக்கு மாமா. நீங்கதான் பறக்கும் படையா?"

அம்சா பரிமளாவின் தாய்மாமன் மகள். ஒரே வயது. இரண்டு பேரும் ஒன்றாகத்தான் மூன்று மாதம் வயரிங் பயிற்சிக்குப் போனார்கள். அம்சாவிடம் ஜாமெட்ரி பாக்ஸ் எதுவும் கிடையாது. ஒரே ஒரு டெஸ்டர். கரண்ட் வருகிறதா என்று பார்ப்பதற்குச் செய்தது. ஆனால் ஸ்க்ரூ முடுக்குவது, வயர் தோலைச் சுரண்டுவது, பெயிண்ட் டப்பாவைத் திறப்பது, முதுகு சொறிவது எல்லாம் அதிலேயே முடிந்துவிடும்.

பதினோரு மணி என்று அவள் சொன்னது மட்டும் விளையாட்டுக்கு அல்ல. ஈ.பி. ஆபீசிலிருந்து தினகரன் சார் வந்து பார்த்துச் சரி என்றால்தான் வீட்டுக்கு இணைப்பு. அவர் பழக்கம் ஊருக்கே தெரியும். டி.பி. பெட்டியில் முடுக்கிய வயரை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுப்பார். ஒன்று கையோடு வந்தாலும் பேசாமல் வண்டியை எடுத்துவிடுவார். இந்த வீடு ஒழுங்காக முடிந்தால் காலனியில் எழும்பிக்கொண்டிருக்கும் மற்ற ஆறு வீடுகளையும் இவர்களுக்கே பேசித் தருவதாக வேதகிரி சொல்லியிருந்தார். முடியாவிட்டால் அவை தண்டபாணிக்கு.

பரிமளாவின் அம்மா சொன்னது இன்னும் சுருக்கம். "இன்னைக்கி வேல சரியா வரலன்னா திங்கக்கெழம கம்பெனி வேனு."

பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த கையோடு பரிமளா எட்டு மாதம் அந்த வேனில் போய்வந்தவள். செல்போன் பாகங்களைப் பூட்டும் கம்பெனி. நாள் முழுக்க ஒரே இடத்தில் அதே இரண்டு ஸ்க்ரூ. அவள் பெயரைக் கேட்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. ஆனால் பிட்டின் நுனி கொஞ்சம் தேய்ந்தால் போதும், சூப்பர்வைசர் ஓடிவருவார். பிட்டுக்கு இருந்த மரியாதை ஆளுக்கு இல்லாத இடம் அது. மறுபடி அந்த வேனில் ஏற அவளுக்கு இஷ்டமில்லை.

பத்தேகால் மணிக்கு அம்சா ஸ்டூல்மேல் ஏறி டி.பி. பெட்டியைத் திறந்தாள். வெளியிலிருந்து வரும் கரண்ட்டை அறை அறையாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. உள்ளே வரிசையாக நாலு எம்.சி.பி. சுவிட்சுகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஸ்க்ரூ. அதை முடுக்கினால் உள்ளே நுழைத்த வயர் இறுகும்.

"ஸ்டாரு குடு மே."

பரிமளா கூட்டல் குறி நுனி கொண்ட ஸ்டார் பிட்டைக் கைப்பிடியில் செருகிக் கொடுத்தாள். எந்த ஸ்க்ரூவுக்கு என்று பார்க்கவில்லை.

கிர்ர்ர் என்றது. அம்சா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். கிர்ர்ர். பிட் குழியை விட்டு வெளியே ஏறி வழுக்கியது. ஸ்க்ரூவின் தலையிலிருந்து வெள்ளித்தூள் உதிர்ந்தது. வயரைப் பிடித்து இழுத்தாள். அது சமத்தாகக் கையோடு வந்தது.

தண்டபாணிக்கு டீ இனித்தது. "கையில வலு வேணும் பாப்பா. திருப்புட்குழில ஒரு கல்யாண மண்டபம் மொத்தமும் ஒரே ஒரு ஸ்டாருல முடிச்சேன். இன்னும் பையில கீது."

"தாலி கட்ற நேரத்துல லைட்டு போச்சே, அந்த மண்டபமா மாமா?"

கொத்தனார்கள் சிரித்தார்கள். வேதகிரி மட்டும் சிரிக்காமல் கைபேசியில் மணி பார்த்தார்.

பரிமளா இன்னொரு ஸ்டூலில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தாள். கூட்டல் குறி போல ஒரு குழி. சரிதான். ஆனால் கூட்டலின் கைகளுக்கு நடுவே, முடி கனத்தில், நாலு கோடுகள். அவளுக்கு முகம் சுட்டது. அது ஸ்டார் அல்ல. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஸ்டார் பிட்டின் சிறகுகள் நுனியை நோக்கிச் சரிந்து போகும். இந்தக் குழியின் சுவர்களோ நேராக நிற்பவை. சரிந்ததை நேரானதில் வைத்து அழுத்தினால் ஏறி வெளியேதான் வரும். கையில் வலு அதிகமானால் இன்னும் சீக்கிரம் வரும்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்.

"அது... ஸ்டார் இல்ல," என்றாள் பெட்டிக்குள் பார்த்து.

"ஸ்க்ரூ காதுல சொல்லி இன்னா பிரயோசனம்? எனக்கு சொல்லு," என்றாள் அம்சா.

"வேற பிட்டு. நான்தான் பாக்காம குடுத்துட்டேன்."

"அப்போ நான் இவ்ளோ நேரம் பேஜார் பட்டது உன்னாலயா? எறங்கறேன், நீயே முடுக்கு."

பிட்டை வைப்பதற்கு முன்னால் பரிமளா இரண்டு காரியம் செய்தாள். கட்டிங் மெஷினுக்காகப் பக்கத்து வீட்டிலிருந்து இழுத்திருந்த வயரைப் பிடுங்கச் சொன்னாள். பிறகு அம்சாவின் டெஸ்டரை வாங்கி, நாலு சுவிட்சிலும் வைத்துப் பார்த்தாள். எதிலும் விளக்கு எரியவில்லை. பிட் முழுக்க வெறும் இரும்பு. மேலே உறை கிடையாது. கரண்ட் ஓடும் இடத்தில் அதை வைக்க முடியாது.

"அட, என் டெஸ்டருக்கு இந்த வேலகூட தெரியுமா?" என்றாள் அம்சா.

பரிமளா பாக்ஸில் 'பி இசட் 2' என்று எழுதியிருந்த இடத்திலிருந்து பிட்டை எடுத்துச் செருகினாள். அதன் சிறகுகளுக்கு நடுவிலும் மெல்லிய விளிம்புகள் இருந்தன. ஸ்க்ரூவில் வைத்ததும் டக்கென்று உட்கார்ந்தது. திருகினாள். வழுக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. வயரை இழுத்தால் ஸ்டூல்தான் ஆடியது.

நாலாவது, அம்சா கை வைத்த ஸ்க்ரூ. அதில் கூட்டல் குறி வட்டமாகவே ஆகிவிட்டிருந்தது. எந்தச் சிறகும் பிடிக்கவில்லை. ஆனால் தலையின் குறுக்கே நீளமாக ஒரு மைனஸ் வெட்டும் இருந்தது. அதை யாரும் இன்னும் தொடவில்லை. வெட்டை முழுக்க நிரப்பும் அகலத்தில் பட்டை பிட் வேண்டும். பாக்ஸில் 'மைனஸ், பெரிசு' என்ற எழுத்து இருந்தது, பிட் இல்லை. தையல் மெஷினுக்கு என்று நேற்று அம்மா எடுத்தது அவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்சாவின் டெஸ்டர் அந்த வெட்டுக்குள் விளக்குமாற்றுக் குச்சி மாதிரி ஆடியது.

மணி பத்து நாற்பது. உத்திரமேரூர் போய்வர நேரமில்லை. பட்டை ஸ்க்ரூடிரைவர் அந்த வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது. தண்டபாணியின் பையில்.

அம்சா வாயைத் திறந்தாள். பரிமளா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். தப்பு தன்னுடையது, கேட்கவேண்டியதும் தான்தான் என்று தோன்றியது. சிமெண்ட் மூட்டை வரை ஏழெட்டு அடி. அவ்வளவு தூரத்தையும் தரையைப் பார்த்தே கடந்தாள்.

"மாமா. பட்ட டிரைவர் ஒண்ணு வேணும்."

"இன்னா பாப்பா, பக்கத்துல பாத்து எழுதப் போறியா?"

"ஆமா."

தண்டபாணி மிச்ச டீயை ஒரே வாயில் குடித்தார். பையைத் திறந்து மூன்றை எடுத்து மூட்டைமேல் பரப்பினார். "எது வேணும்னு நீயே சொல்லு. ஒண்ணுதான் குடுப்பேன்."

கொத்தனார்கள் கரணையைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி வந்தார்கள். பரிமளா மூன்றையும் எடுத்து நுனியை வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்று ஒல்லி. இன்னொன்று அகலம் சரி, ஆனால் நுனி மழுங்கி ஓரம் மடங்கியிருந்தது.

"இது," என்று மூன்றாவதை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் தயங்கி, மழுங்கியதைக் காட்டி, "அதுல நீங்க செவுரு ஒடச்சிருக்கீங்க மாமா," என்றாள்.

அம்சாதான் முதலில் சிரித்தாள். தண்டபாணி மழுங்கியதை அவசரமாகப் பைக்குள் போட்டார்.

மூன்றாவது, வெட்டுக்குள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிறைந்து உட்கார்ந்தது. பரிமளா மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திருகினாள். அரைச் சுற்று. கால் சுற்று. நின்றது.

தினகரன் சார் பதினொன்று பத்துக்கு வந்தார். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வயராக இழுத்தார். நாலாவது ஸ்க்ரூவின் தலையைப் பார்த்துவிட்டு அதை மட்டும் இரண்டு தடவை இழுத்தார். பரிமளாவுக்கு அவர் இழுப்பது தன் காதைத்தான் என்று இருந்தது.

"யாரு முடுக்கனது?"

அம்சா அதிசயமாகப் பேசாமல் பரிமளாவின் பக்கம் கையை மட்டும் காட்டினாள்.

"ம். அடுத்த தடவ மொதல்லயே ஒழுங்கா முடுக்கு," என்று சொல்லிவிட்டு, மீட்டர் மாட்டும் ஆளைக் கூப்பிட்டார்.

தண்டபாணி தன் டிரைவரை வாங்க வந்தவர் போகவில்லை. அந்த பி இசட் பிட்டைக் கேட்டு வாங்கி, தன் ஸ்டாருக்குப் பக்கத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கி மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இத்தினி வருசமா எம்.சி.பி.ய திட்டிக்கினு இருந்தேன்," என்றார் கடைசியில்.

அப்போது பரிமளாவின் போன் அடித்தது. அம்மா. வாசலில் மீட்டர் பலகைக்குச் சுவரில் துளை போடும் டிரில் அலறிக்கொண்டிருந்தது.

"வேன் டிரைவரு கேக்கறாரு. திங்கக்கெழமைக்கு இன்னா சொல்றது?"

"வேணாம்னு சொல்லு," என்றாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.

"இன்னா? கேக்கல."

"வேணாம்மா."

"காதுலயே வுழல, சத்தமா சொல்லு!"

"வேன் வேணாம்மா! ஆறு வூடு கீது எங்களுக்கு!"

அவள் வாயைத் திறந்த நேரம் பார்த்து டிரில் நின்றிருந்தது. வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை முளைத்தது. பரிமளா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஆறா?" என்றார் வேதகிரி. "என் தங்கச்சி வூட்டயும் சேத்துக்கோ. ஏழு."

போனுக்குள் அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னாத்துக்குடி இப்பிடி கத்தற? எனக்கு இன்னா காது செவுடா?"