வசனம்மா வீட்டுக்கு வந்த ஆறுதல் குழு

சபையில் யாருக்காவது துன்பம் வந்தால், அது செருப்பைக் கழற்றி வைப்பதற்குள் வசனம்மா வந்துவிடுவாள். அவளுடைய சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது; தெருவில் போய்க் கேட்டால் யாருக்கும் தெரியாது. எந்தக் கஷ்டத்துக்கும் கைவசம் ஒரு வேத வசனம் வைத்திருந்ததால் கிடைத்த பட்டம் அது. பிழைப்புக்கு, ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டு மடிக்கிற வேலை. அவள் சொல்லும் ஆறுதலும் அந்த விரிப்பு மாதிரியேதான் இருக்கும். நாலு மூலையும் சரியாகச் சேர்ந்து, ஒரு சுருக்கம் இல்லாமல், இன்னும் யாரும் படுக்காததாக.

சபையின் ஆறுதல் குழுவில் அவளுக்குப் பதினாலு வருட சர்வீஸ். சூரிய உதயமும் புறாவும் அச்சடித்த வசன கார்டுகள் எப்போதும் பையில் இருக்கும். வேலை போனவனுக்கு ஒரு கார்டு, பிள்ளை இல்லாதவளுக்கு ஒரு கார்டு, புருஷன் ஓடிப்போனவளுக்கு இரண்டு. கொடுத்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அழுகிறவர்கள் கொஞ்சம் அதிகமாக அழுதால் கடிகாரத்தைப் பார்ப்பாள் என்று ஒரு பேச்சு உண்டு. அதை அவள் காதுபடச் சொல்லும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர். வீட்டில் பேசும் பங்கு முழுவதையும் மனைவிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் மின்விசிறிக்குக் கீழே கடைசி பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் காலையில் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது ரேஸர் கீழே விழுந்தது. சமையலறையிலிருந்து வசனம்மா, ஒரு சாமானை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதா என்று சத்தம் போட்டாள். பதில் வராதது வழக்கம்தான் என்பதால் இரண்டு நிமிடம் கழித்தே வந்து பார்த்தாள். அவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு தரையில் கிடந்தார்.

பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள் அவர் உதடு அசைந்தது. வசனம்மா ஓடிப்போய்க் காதை வைத்தாள். 'ஸ்தோத்திரம்' என்று சொல்லப்போகிறார், அதை அடுத்த ஞாயிறு சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று அவள் மனம் அதற்குள் வாக்கியம் அமைக்கத் தொடங்கியிருந்தது.

"சனியன்," என்றார் புருஷன்.

தெளிவாக, அழுத்தம் திருத்தமாக. அப்புறம் நர்சைப் பார்த்து அதையே சொன்னார். டாக்டரைப் பார்த்தும் அதையே. வேறு ஒரு சொல்லும் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பொறுமையாக விளக்கினாள். வார்த்தைகளைக் கோத்துப் பேசுகிற மூளைப் பகுதி கெட்டுப்போயிருக்கிறது. ஆனால் திட்டுவது, எண்ணுவது போன்ற பழகிப்போன சொற்கள் வேறொரு மூலையில் கிடக்கும். அந்த மூலை தப்பித்திருக்கிறது. மனசுக்குள் அவர் சரியாகத்தான் பேசுகிறார், வெளியே வரும்போதுதான் எல்லாம் இந்த ஒரு சொல்லாக மாறுகிறது. சிலருக்கு 'ஆமா' மிஞ்சும், சிலருக்கு மகள் பெயர் மிஞ்சும். இவருக்கு இது. முப்பது வருடம் ஒரு கெட்ட வார்த்தை பேசாத மனிதர், லிஃப்ட் குழிகளுக்குள் தனியாக நின்று யாரை என்ன சொல்லித் திட்டினாரோ, அதெல்லாம் கர்த்தருக்கும் அந்த இரும்புக் கயிறுகளுக்கும்தான் வெளிச்சம்.

ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்கிய மனிதரின் வீடு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். படி திரும்பும் இடத்திலெல்லாம் அவர் ஒரு 'சனியன்' சொன்னார். அந்தக் கட்டடத்துக்கு அது பொருத்தமாக இருந்ததாகவே வசனம்மாவுக்கும் பட்டது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆறுதல் குழு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது, அவர் பள்ளிக்கூடத்தை விடவில்லை. கூடவே அவர் மனைவி, பிறகு, சபைக்கு வந்து ஆறு மாதமே ஆன இளம் போதகர். ஹெட்மாஸ்டரம்மா பையைத் திறந்து ஒரு கார்டை எடுத்து வசனம்மா கையில் வைத்தாள். சூரிய உதயம், புறா. அச்சகத்தில் பக்கத்தில் நின்று இந்தப் புறாவைத் தேர்ந்தெடுத்ததே வசனம்மாதான்.

"தாங்க முடியாத பாரத்தை ஆண்டவர் யாருக்கும் தரமாட்டார், சிஸ்டர்," என்றார் ஹெட்மாஸ்டர்.

இதே வாக்கியத்தை இதே குரலில் குறைந்தது நாற்பது வீடுகளில் அவள் சொல்லியிருப்பாள். வாங்கிக்கொள்ளும் பக்கம் உட்கார்ந்து கேட்பது இதுதான் முதல் தடவை. கேட்டதும் விபரீதமாக ஒரு யோசனை வந்தது. அப்படியானால் நான் கொஞ்சம் சோப்ளாங்கியாக இருந்திருந்தால் என் புருஷன் தப்பித்திருப்பாரோ?

ஹெட்மாஸ்டரம்மா தன் பங்குக்கு, தங்கள் தெருவில் ஒருவர் இதே பக்கவாதத்தில் மூன்றே நாளில் செத்துப்போன கதையை விவரமாகச் சொல்லி, அதை நினைத்து ஸ்தோத்திரம் பண்ணச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அறிக்கையிடாத பாவம் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று அன்போடு விசாரித்தாள். போதகர் கையிலிருந்த வேதப்புத்தகத்தைக் கேடயம் மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டு காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹெட்மாஸ்டர் நீளமாக ஜெபித்தார். உலக சமாதானம், ஆலயக் கூரை பழுது எல்லாவற்றையும் சுற்றிவிட்டு நோயாளியிடம் வந்து சேர்ந்து ஆமென் சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். கட்டிலிலிருந்து புருஷன், "சனியன்," என்றார்.

ஹெட்மாஸ்டர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். அவளைத் தனியே அழைத்துப்போய், பேசுவது அவர் இல்லை, உள்ளே இருக்கிற வேறொன்று என்று சொன்னார். பயிற்சிக்காரப் பெண் சொன்னதை வசனம்மா எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அது உலக ஞானம் என்று தள்ளிவிட்டு, வருகிற சனிக்கிழமை விடுதலை ஜெபம் என்று நாள் குறித்துவிட்டுப் போனார்.

அவள் மறுக்கவில்லை. பதினாலு வருடப் பழக்கம் ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. பிசாசு என்றால் துரத்திவிடலாம். செத்துப்போன மூளையை என்ன செய்வது? அந்த ஒரு வாரம் முழுக்க, புருஷனுக்குப் பேய் பிடித்திருந்தால் நன்றாக இருக்குமே என்று அவள் உள்ளூர ஆசைப்பட்டாள்.

சனிக்கிழமை ஆறு பேர் வந்து கட்டிலைச் சூழ்ந்துகொண்டார்கள். தலையில் நாலு கை, மார்பில் இரண்டு கை. போதகர் கால்மாட்டில் ஒதுங்கி நின்றார். சத்தம் ஏற ஏறப் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. ஹெட்மாஸ்டர் குனிந்து, பரீட்சையில் காப்பியடித்த பையனைக் கேட்பதுபோல், "சொல்லு, உன் பேர் என்ன?" என்றார்.

"சனியன்," என்றார் புருஷன்.

ஹெட்மாஸ்டர் முகத்தில் வந்த வெற்றியைப் பார்க்க வேண்டுமே. ஒப்புக்கொண்டுவிட்டது என்று அறிவித்தார். கூட்டம் இன்னும் நெருங்கியது. பாரமான ஒருவர் வலது தோளை அமுக்க, இடம் நழுவிக்கிடந்த அந்தத் தோளின் வலியில் புருஷன் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. இடது கை மட்டும் ஆட்களுக்கு நடுவே நீண்டு, காற்றில் தடவித் தடவி எதையோ தேடியது. அவர் பார்வை வசனம்மாவின் மேல் இருந்தது. "சனியன்," என்று அவளைப் பார்த்து, மெல்லச் சொன்னார். கெஞ்சுகிற குரல். முப்பது வருடத்தில் அவர் அவளிடம் எதையுமே இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

"கைய எடுங்க," என்றாள் வசனம்மா.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் உள்ளே புகுந்து, பாரமானவரின் கையைப் பிடித்து விலக்கினாள்.

"எடுங்கன்னு சொன்னேன். இது என் புருஷன். அவருக்கு வலிக்குது."

விசுவாசத்தில் தளர்ந்துவிடக் கூடாது சிஸ்டர் என்று ஹெட்மாஸ்டர் ஆரம்பித்தார். "செருப்பு வெளியில இருக்கு. பாத்துப் போட்டுக்கிட்டுப் போங்க," என்றாள். கடைசியாகப் போன போதகர் வாசலில் நின்று ஒரு தடவை கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போனார்.

அதன்பிறகு இரண்டு வாரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. புருஷனை விட்ட ஆவி பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டது என்று சபையில் பேச்சு. சலவைக்கூடத்தில் விடுப்பு சொல்லிவிட்டு அவள் ஒற்றையாய்க் கிடந்து மல்லுக்கட்டினாள். எழுபது கிலோ உடம்பைப் புரட்ட முடியவில்லை. இடுப்பில் புண் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் மிச்சமிருந்த கார்டுகளையெல்லாம் மேசைமேல் பரப்பி, தனக்குத்தானே ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தாள். வசனங்களில் ஒரு குறையும் இல்லை. பிறத்தியார் வீட்டுச் சாவியைத் தன் வீட்டுப் பூட்டில் போட்டதுபோல ஒன்றும் திரும்பவில்லை. முழங்கால் போட்டு, "ஆண்டவரே," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவளுக்கும் ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது.

அன்றைக்குக் கதவைத் தட்டியவள் கறிக்கடைக்காரி. மூன்று வருடத்துக்கு முன் அவளுடைய பதினாறு வயது மகன் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டான். அதிலிருந்து அவள் ஆலயத்துக்கு வருவதில்லை. 'பின்வாங்கிப் போனவர்கள்' பட்டியலில் அவள் பெயரை எழுதியதும் வசனம்மாவின் கைதான்.

கறிக்கடைக்காரி உட்காரவில்லை. நேரே கட்டிலருகே போய் மோந்து பார்த்தாள்.

"புண்ணு வந்துருச்சே அக்கா. எத்தனை நாளா ஒரே பக்கம் படுத்திருக்காரு?"

பதிலுக்குக் காத்திராமல், அவருடைய முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, ஒரே மூச்சில் பக்கவாட்டில் திருப்பிவிட்டாள். தினமும் முழு ஆட்டைத் தோளில் போட்டுக் கொக்கியில் மாட்டுகிறவளுக்கு இது பெரிய காரியமாக இல்லை. திருப்புகிற வித்தையை வசனம்மாவுக்கு மூன்று முறை செய்யவைத்துக் காட்டினாள். புண்ணைக் கழுவினாள். "சனியன்," என்றார் புருஷன், சுகமாக. "ஆமாண்ணே, இனிமே வலிக்காது," என்றாள் அவள், ஏதோ முழு வாக்கியம் கேட்டவள் மாதிரி.

வசனம்மா சுவரில் சாய்ந்து அழுதாள். அழுது முடிந்ததும், உன் பிள்ளை இறந்த அன்றைக்கு நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று கேட்டாள்.

"தோட்டக்காரர் நல்ல பூவைத்தான் மொதல்ல பறிப்பாருன்னு சொன்னீங்க," என்றாள் கறிக்கடைக்காரி, கையைத் துடைத்துக்கொண்டே. "கார்டும் குடுத்தீங்க. அப்ப கத்தி பக்கத்துலதான் இருந்துச்சு. ஆண்டவரே, என் கையைப் பிடிச்சுக்கோன்னு வேண்டிக்கிட்டேன். பிடிச்சுக்கிட்டாரு. பிள்ளைக்காக மூணு நாள் கத்துனது எதுவும் அவரு காதுல விழல. உங்களுக்காகக் கேட்டது உடனே கெடச்சுது."

வசனம்மாவுக்கு மன்னித்துவிடு என்ற சொல் வாய்வரை வந்தது. அதுவும் ஒரு கார்டு மாதிரி இருக்குமோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். கறிக்கடைக்காரி, பார்க்கலாம் என்றாள்.

அப்போ ஜெபம் பண்ணுவதை நீ விடவில்லையா என்று கேட்டாள் வசனம்மா.

"கோயிலுக்குத்தான் வர்றதில்ல. அவரை விட்டுட்டு எங்க போறது? தினமும் கடையைத் திறக்குறப்ப அவர்கூட ஒரு சண்டை. பிள்ளைய ஏன் எடுத்தீங்கன்னு கேப்பேன். பதில் சொன்னதே இல்ல. ஆனா நான் கத்துறப்ப எந்திரிச்சுப் போனதும் இல்ல, அக்கா. அது ஒண்ணுதான் எனக்குத் தெம்பு."

பிறகு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணைக்கூட மூடாமல், ஆண்டவரே, இந்த வீட்டுல ரொம்பக் கஷ்டமா இருக்கு, கொஞ்சம் இங்கேயே இருங்க என்று மட்டும் சொன்னாள். கூரைப் பழுது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் ஆமென் சொல்ல மறந்துவிட்டாள். வசனம்மாவும் எடுத்துக் கொடுக்கவில்லை. மூன்று பேரும் சும்மா இருந்தார்கள். அந்தச் சும்மாவில், இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று சற்று இறங்கி உட்கார்ந்ததுபோல இருந்தது.

அது முதல் கறிக்கடைக்காரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் கடை அடைத்ததும் வந்தாள். புருஷனுடைய ஒரு சொல்லை வசனம்மா படிக்கக் கற்றுக்கொண்டாள். இழுத்துச் சொன்னால் தண்ணீர், வெட்டிச் சொன்னால் வலி, மேலே ஏற்றினால் ஜன்னலைத் திற. சில காலைகளில், அவள் முகம் துடைத்துவிடும்போது, அவர் அதைத் தாழ்த்தி, கன்னத்தைச் சாய்த்துச் சொல்லுவார். அதற்கு அவள் யாரிடமும் அர்த்தம் சொன்னதில்லை. அவளும் ஆண்டவரிடம் தன் பாஷையில் பேச ஆரம்பித்தாள். இன்றைக்கு ஸ்தோத்திரம் கிடையாது, கோபமாக இருக்கிறேன் என்று ஒரு செவ்வாய்க்கிழமை நேரடியாகவே அறிவித்தாள். புதன்கிழமை சமாதானமானாள்.

ஆறு மாதத்தில் அவர் கோல் ஊன்றிக் குளியலறைவரை நடந்தார். 'தண்ணி', 'போதும்' என்று இரண்டு புதுச் சொற்கள் வந்தன. ஹெட்மாஸ்டர் அதைத் தன் விடுதலை ஜெபத்தின் பலன் என்று ஆலயத்தில் சாட்சி சொன்னார். வசனம்மா மறுக்கப் போகவில்லை. அன்று அவள் அரை நாள் ஷிப்ட்டில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையில் ஒரு புதன்கிழமை போதகர் தனியாக வந்து வாசலில் நின்றார். வேதப்புத்தகம் கொண்டுவர மறந்துவிட்டேன் என்றார். கறிக்கடைக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்து, "நல்லதாப்போச்சு ஐயா, கால் ரெண்டையும் பிடிங்க, விரிப்பு மாத்தணும்," என்றாள். பிடித்தார். முதல் தடவை தப்பாகப் பிடித்து, கட்டிலில் கிடந்தவரிடம் ஒரு நல்ல 'சனியன்' வாங்கிக்கொண்டார். அடுத்த புதனும் வந்தார். அந்த வருஷம் அவருடைய பிரசங்கம் தானாகவே பதினைந்து நிமிடம் குறைந்துபோனது. காரணம் யாருக்கும் தெரியாது. ஆனால் சபை வரலாற்றில் நடந்த மெய்யான அற்புதம் அது ஒன்றுதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.