முள்ளுன்னா முள்ளு

கஞ்சி உள்ளே இறங்கவில்லை. கண்ணாயி சங்கின் மூக்கைக் கடைவாய்ப் பல்லோரம் வைத்துச் சாய்த்தாள். சாமைக் கஞ்சியின் தெளிவு பல்லுக்கு வெளியிலேயே நின்று, உதட்டோரம் வழிந்து, கழுத்துக் குழியில் தேங்கியது. முந்தானையால் ஒற்றினாள். துணி பட்டதுமே மாமனாரின் உடம்பு விறைத்தது. தலையும் குதிகாலும் பாயில் ஊன்றியிருக்க, முதுகு மேலே எழும்பி வில்லாக நின்றது.

“தொடாத புள்ள. தொட்டா இழுக்குது,” என்றான் சின்னுசாமி. வெளிச்சம் பட்டாலும் தகப்பனுக்கு இழுத்ததால் அவன் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். முதுகு மெல்ல மெல்லப் பாய்க்கு இறங்கியது. வாய் பூட்டி மூன்று நாளாகிவிட்டது. செல்லமுத்துக் கவுண்டருக்கு நினைவு மட்டும் தப்பவில்லை. திறந்தே கிடந்த கண்கள் வீட்டுக்குள் அவள் நகரும் பக்கமெல்லாம் நகர்ந்தன. சங்கைக் கழுவப் போனால் அங்கே, அடுப்படிக்குப் போனால் அங்கே.

வைத்தியர் அர்த்தனாரி விடிந்ததும் மூன்றாம் தடவையாக வந்தார். மலைமேல் வாழவந்தி நாட்டில் பாம்புக்கடியும் எலும்பு முறிவும் அவரிடம்தான் வரும். பாயின் கால்மாட்டில் குந்தி, வலது பாதத்தை உற்றுப் பார்த்தார். புண்வாய் மூடியிருந்தது. சுற்றிலும் கருநீலம்.

“எருக்கம்பால் வெச்சா எந்த முள்ளும் ரெண்டு நாள்ல வெளிய வந்துரும். இது வரலயே,” என்றார். “ஏஞ்சாமி, முள்ளுதானா? வேற ஏதாச்சும் குத்துச்சா?”

“முள்ளுன்னுதாங்க சொன்னாரு,” என்றான் சின்னுசாமி. “சேந்தமங்கலத்து ஆஸ்பத்திரிக்கு டோலி கட்டறேன்னு அப்பவே சொன்னனுங்க. முள்ளுக்கெல்லாம் எவனாச்சும் மலையெறங்குவானான்னு அய்யன் வெரட்டிட்டாரு.”

அர்த்தனாரி கண்ணாயியைப் பார்த்தார். “உனக்கு ஏதாச்சும் தெரியுமா ஆயா? கால நீதான கழுவி உட்ட?”

பாயிலிருந்த கண்களும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் சங்கை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள்.

“முள்ளுன்னுதாங்க சொன்னாரு.”

சொன்னது பொய்யில்லை. அவர் அப்படித்தான் சொன்னார்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நடந்தது அது. சீமையில் பெரிய சண்டை நடக்கிற வருஷம். சீமெண்ணெய்க்குக் கூப்பன் வந்திருந்தது. கண்ணாயி இருட்டோடு மலையிறங்கி, சேந்தமங்கலத்தில் பொழுது சாயும்வரை வரிசையில் நின்று, ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு மறுநாள் வீடு வந்து சேர்ந்தாள். வந்த களைப்பில் உரல் மேல் வைத்தாள். கைபட்டு விழுந்து உடைந்தது. பச்சைக் கண்ணாடி. மண்தரை எண்ணெயை ஒரே மூச்சில் குடித்துவிட்டது.

சின்னுசாமி காட்டிலிருந்து வரும் நேரம். தரையில் சாணி போட்டு மெழுகினாள். துண்டுகளை முறத்தில் கூட்டி அள்ளினாள். ஊரின் கீழ்ப்புறத்தில், வேலிக்கு அப்பால் குழி இருந்தது. கண்ணாடி, எலும்பு, முள் எதுவானாலும் அந்தக் குழியில்தான் கொட்ட வேண்டும் என்பது ஊர்ச்சட்டம். ஆனால் குழிக்குப் போக வேண்டுமென்றால் முறத்தோடு பதினாறு வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். என்ன புள்ள ஒடஞ்சுது என்று பதினாறு வாசலிலும் கேட்பார்கள். அவள் வாசல் படலைத் திறந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, முறத்தைத் தடத்தோரத்துப் புல்லில் உதறினாள். நாளைக்கு விடியுமுன் பொறுக்கிக் குழியில் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். சின்னுசாமியிடம் கடையில் கூப்பன் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொன்னாள். அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.

மழைத்தண்ணீர் புல்லில் கிடந்ததைத் தடத்துக்கு இழுத்து வந்திருந்தது. விடிகாலையில் செல்லமுத்துக் கவுண்டர் எருதை அவிழ்த்துக்கொண்டு அதில் இறங்கினார்.

சத்தம் கேட்டு அவள் படலுக்கு வந்தபோது, அவர் ஒற்றைக்காலில் நின்றபடி பாதத்தைத் திருப்பிப் பிடித்திருந்தார். விரலளவு துண்டை உருவி வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். பிறகு படலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். குனிந்து, கண்ணுக்குத் தெரிந்த துண்டுகளையெல்லாம் தோள்துண்டின் முனையில் பொறுக்கிக்கொண்டு, ஈரத் தடத்தில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழ, குதிகாலால் நொண்டி நொண்டிக் குழிவரை நடந்தார். அவள் படலைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஓடிப்போய் வாங்கியிருக்கலாம்.

வெந்நீர் வைத்துக் கழுவும்போது, “மாமா...” என்று தொடங்கினாள்.

“முள்ளு கண்ணு. பெரிய முள்ளு.”

“இல்லீங் மாமா, நாந்தான்...”

“முள்ளுன்னா முள்ளு,” என்றார் அவர், காலை இழுத்துக்கொண்டு. “சின்னுசாமிக்கும் அதயே சொல்லு.”

அது அவள்மேல் வைத்த இரக்கமா, தன் வீட்டுப் பேரைக் காப்பாற்றும் வீம்பா என்று அவளுக்கு விளங்கவில்லை. ஏனென்றால் அந்தச் சட்டத்தை ஊரில் கொண்டுவந்தவரே அவர்தான். பாட்டில்கள் மலையேறத் தொடங்கிய புதிதில், ஒரு நல்ல எருது குளம்பில் கண்ணாடி ஏறிச் செத்தது. மாரியாயி கோயில் முன்னால் ஊர் கூடியபோது அவர்தான் எழுந்து சொன்னார்: தடத்தில் போடுகிறவர் யாராக இருந்தாலும் சபையில் விழுந்து எழ வேண்டும், ஒரு மாதம் ஊர்த் தடம் முழுவதையும் கூட்ட வேண்டும். முதலில் அகப்பட்டவள் பாப்பாயி. புருஷன் இல்லாதவள், தனிக்குடிசைக்காரி. உடைந்த சட்டியைத் தடத்தில் எறிந்துவிட்டாள். சட்டி ஓடுதானே என்று நாலு பேர் பரிந்து பேசினார்கள். “ஆளுக்கொரு சட்டமா?” என்று கேட்டார் செல்லமுத்துக் கவுண்டர். பாப்பாயி விழுந்து எழுந்தாள். ஒரு மாதம் கூட்டினாள். கண்ணாயி அப்போது கல்யாணமாகி வந்த புதுசு. மற்ற பெண்களோடு சேர்ந்து அவளும் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

உச்சிப்பொழுதுக்கு முன்பே செல்லமுத்துக் கவுண்டருக்குக் கடைசியாக ஒரு தடவை இழுத்தது. பாய்க்கு மேலே எழுந்த முதுகு இறங்க வெகுநேரமானது. இறங்கியபோது மூச்சில்லை. கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. சின்னுசாமி இமைகளை மூடினான். கண்ணாயி சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதாள். அந்தக் கண்கள் மூடியதும் தன் உடம்பு லேசானதை உணர்ந்தாள். அதை நினைத்து மறுபடியும் அழுதாள்.

ஊர் கூடியது. மூங்கில் வெட்டிவந்து பாடை கட்டினார்கள். வாசலில் பலகை போட்டு ஆண்கள் குளிப்பாட்டினார்கள். கால் பக்கம் அர்த்தனாரி. பாதத்தைத் தேய்த்துக் கழுவும்போது மூடியிருந்த புண் வாய் திறந்தது. அவர் கை நின்றுவிட்டது. இரண்டு விரலால் அழுத்தினார். நகத்தளவில் ஒன்று வெளியே வந்தது. அதை ஓர் இலையில் வைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஊர்க்கவுண்டர் கருப்பண்ணனிடம் நீட்டினார்.

“முள்ளில்லீங்க.”

ஊர்க்கவுண்டர் இலையைச் சாய்த்துப் பார்த்தார். பச்சையாக மின்னியது.

“முள்ளுன்னு நெனச்சுப் பாலு வெச்சேன்,” என்றார் அர்த்தனாரி. “கண்ணாடின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே கீறிப் பாத்திருப்பனுங்க. என்ன இருந்து என்ன? கையில வித்த இருந்தும் கோட்ட உட்டுட்டேன்.”

“அய்யனுக்கே தெரிஞ்சிருக்காதுங்க,” என்றான் சின்னுசாமி. “விடியறதுக்கு முந்தி இருட்டு. முள்ளுன்னுதான் நெனச்சிருப்பாரு.”

பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. பெரும்பாலான வீடுகளில் எண்ணெய்க்கு மூங்கில் குழாய்தான். பச்சைப் பாட்டில் ஊரில் இரண்டே வீட்டில் இருந்தது. ஒன்று இந்த வீடு. எழவு விழுந்த வீட்டை யார் சந்தேகப்படுவார்கள்? எல்லாத் தலையும் பாப்பாயி பக்கம் திரும்பியது. அவள் கூட்டத்துக்குப் பின்னால், கொண்டுவந்த அரிசியை மடியில் வைத்தபடி நின்றிருந்தாள்.

“பாப்பாயி,” என்றார் ஊர்க்கவுண்டர். “உன்ற பாட்டில் எங்க?”

“ஊட்டுல இருக்குதுங்க.”

“ஒருக்கா தப்பு பண்ணுனவ நீ. அதனால கேக்கறேன்.”

“தெரியுதுங்க.”

அவள் அரிசியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டுத் தன் குடிசைக்கு நடந்தாள். குடிசை மேட்டில், ஊரின் கடைசியில் இருந்தது. பலகையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாயிக்கு அவள் முதுகு தெரிந்தது, மேட்டில் ஏறுவது தெரிந்தது. இப்போதே சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. குடிசைக்குள் அவள் குனிந்து நுழைந்தாள். இப்போது. ஒருவேளை அந்தப் பாட்டிலும் எப்போதாவது உடைந்து போயிருக்கலாம். இருட்டில் தேடிக் கிடைக்காமல் போகலாம். அப்படி ஒரு நினைப்பு தனக்குள் எழுந்ததைக் கண்ணாயி கண்டாள். எழுந்ததோடு நிற்கவில்லை. அது அப்படியே நடக்க வேண்டும் என்று அவள் மாரியாயியை வேண்டிக்கொண்டிருந்தாள்.

பாப்பாயி வெளியே வந்தாள். மேட்டிலிருந்து நிதானமாக இறங்கினாள். பாடைக்குப் பக்கத்தில் தரையில் பாட்டிலை நிறுத்தினாள். உடையாத பாட்டில். அடியில் இரண்டு விரல்கடை எண்ணெய் ஆடியது.

“ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் கண்ணுல வெச்சுக் காப்பாத்தறனுங்க,” என்றாள். அரிசியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சின்னுசாமி திரும்பி மனைவியைப் பார்த்தான்.

“நாந்தானுங்க,” என்றாள் கண்ணாயி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “நாந்தானுங்க போட்டேன். மாமாவுக்குத் தெரியும். அவருதான் முள்ளுன்னு சொல்லச் சொன்னாரு.”

கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது சொன்ன பிறகு தெரிந்தது. குளிப்பாட்டிப் படுத்திருந்தவர்மேல் எல்லாருடைய பார்வையும் போனது. இத்தனை வருஷம் ஆளுக்கொரு சட்டமில்லை என்று சொன்னவர்.

ஊர்க்கவுண்டர் இலையைக் கீழே வைத்தார். “பாப்பாயி போயிட்டு வாரதுக்கு முந்தியே சொல்லியிருக்கலாம் கண்ணு,” என்றார். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

சின்னுசாமி எழுந்தான். தகப்பனுக்குப் புதுவேட்டியைச் சுற்றினான். முடிச்சுப் போட்டான். தலை நிமிராமலே, “சட்டம் எங்கய்யன் போட்டதுங்க. சாவு முடிஞ்சதும் சபைக்கு வருவா,” என்றான்.

“அது கெடக்கட்டும்,” என்றார் ஊர்க்கவுண்டர். “பாட தூக்கறவங்க வெறுங்கால்ல இந்தத் தடத்துலதான் போகோணும். இன்னும் எத்தன துண்டு கெடக்குதோ.”

யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. கண்ணாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படலைத் தாண்டிப் போய், தடத்தில் மண்டியிட்டாள். சீமாற்றால் கூட்டினால் சின்னத் துண்டு தப்பிவிடும். அதனால் உள்ளங்கையால் மண்ணைத் தடவினாள். ஒரு சாண், இன்னொரு சாண். அகப்பட்டதை முறத்தில் போட்டாள். நாலு துண்டு, ஐந்து துண்டு, சோளப்பொரியளவு ஒன்று. ஒன்றுகூட அவள் கையைக் கிழிக்கவில்லை.

பின்னால் பாடை எழும்பியது. அவள் தடவிய இடத்தில் ஒரு அடி வைத்தார்கள், நின்றார்கள். அவள் இன்னும் ஒரு முழம் நகர்ந்தாள். அவர்கள் இன்னும் ஓர் அடி வைத்தார்கள். கொட்டுக்காரர்கள்கூட அடிக்காமல் காத்திருந்தார்கள். பதினாறு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். அவள் தலை நிமிரவில்லை. தடத்தோரம் ஒரு ஜோடிக் கால் அவளோடு கூடவே நகர்ந்து வந்தது. அது பாப்பாயியின் கால் என்பது வெள்ளி மெட்டி இல்லாத விரல்களைக் கண்டு தெரிந்தது. முறம் தள்ளிப் போனபோது அந்தக் கால் அதை அவள் பக்கம் நகர்த்திவிட்டது.

ஊர் வேலி வந்தது. அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. கண்ணாயி மண்டியிட்டபடியே ஓரமாக ஒதுங்கினாள்.

“வேலிக்கு அந்தப் பக்கம்?” என்றான் சின்னுசாமி. பாடையின் முன்கம்பு அவன் தோளில் இருந்தது. காலையிலிருந்து அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி.

“அங்க போடலீங்க,” என்றாள்.

அவன் ஒரு கணம் நின்றான். பிறகு நடந்தான். கொட்டு முழங்கியது. நாலு பேர், எட்டுக் கால்கள். ஒவ்வொன்றாகத் தூக்கும்போது செம்மண் ஒட்டிய அடிப்பாதம் கொஞ்சம் தெரிந்து, மறுபடி மண்ணில் இறங்கியது. வளைவில் மறையும்வரை அவள் ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.