பெட்டியில் படுத்தவனின் பெயர்

அன்று விகாரை மண்டபத்தில் இருந்தவர்கள்: இயக்குநர் சௌவரோஸ், கேமராக்காரன் தோங், ஒலிப்பதிவுப் பெண், துக்கத்துக்கு வந்தவர்களாக நடிக்க உட்கார்ந்த ஊர்ப்பெண்கள், பயந்து விலகிய உயிரைச் சடங்கு செய்து உடம்புக்குத் திரும்ப அழைக்கும் பூன்மா, படப்பிடிப்பைக் கண்காணிக்க அனுப்பப்பட்ட ஏட்டு சம்ரேங். காட்சிக்கான சவப்பெட்டிக்குள், படக்குழுவின் எடுபிடி கோப்.

கோப் பட்டப்பெயர்; அவர்கள் மொழியில் தவளை. அடையாள அட்டையில் என்ன பெயர் என்று படக்குழுவில் யாரும் கேட்டதில்லை. யாரிடமும் யாரும் கேட்பதில்லை. சௌவரோஸுக்கு மட்டும் தெரியும்: அனுசோர்ன் பிம்மசான். மாணவர் போராட்ட மேடையில் பேசியதற்காகப் பிடியாணை இருந்ததும் அந்தப் பெயருக்குத்தான். ஏட்டின் பையில் இருந்த புகைப்படத்தில் முகக்கவசமும் தோள்வரை முடியும். பெட்டிக்குள் கிடந்தவன் மொட்டை.

பிணமாக நடிக்க வேண்டியவன் காலையில் பெட்டியைப் பார்த்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

"நான் படுக்கிறேன்க்கா. செத்தவனை எந்த போலீஸ் தேடும்?" என்று கோப்தான் சிரித்தான். ஆவிகளுக்கு மாடத்தில் படைத்த சிவப்பு சோடாவையே பயமில்லாமல் எடுத்துக் குடிக்கிறவன் அவன்.

வேண்டாம் என்று சௌவரோஸ் சொல்லவில்லை. அவளுடைய முதல் படத்தை வெளிநாடுகளில் காட்டினார்கள், ஊரில் ஒரு தியேட்டரும் எடுக்கவில்லை. இரண்டாவதைத் தணிக்கையில் முடக்கினார்கள். இது மூன்றாவது. அம்மாவின் நூடுல்ஸ் கடையை விற்ற பணம் இதில்தான் போயிருந்தது. நாளைக்கு மண்டபம் கிடைக்காது.

காட்சி நன்றாக வந்தது. அவள் 'கட்' சொல்ல வாயெடுப்பதற்குள் பூன்மா வெள்ளை நூலோடு, மூடியிருந்த பெட்டியருகே உட்கார்ந்துவிட்டான்.

"பேர் சொல்லும்மா."

"கோப்."

"தவளைன்னு கூப்பிட்டா குளத்துல இருக்கிறதெல்லாம் ஏறி வரும்." பெண்கள் சிரித்தார்கள். "அட்டையில இருக்கிற பேர் வேணும். பெட்டியில படுத்தவன் உயிர் தன் பேருக்குத்தான் திரும்பும்."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ண்ணே. மூடியத் திறங்க, உள்ள வேகுறான்."

"கூப்பிடாம திறக்க மாட்டேன்."

சம்ரேங் தூணிலிருந்து முதுகை எடுத்தார். "சொல்லுங்களேன் டைரக்டரம்மா. உங்க ஆள் பேரு உங்களுக்கே தெரியாதா?"

அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எந்தப் பெயரானால் என்ன? "வீரயுத் காம்சிங்," என்றாள். முடக்கப்பட்ட படத்தில் வந்த ஒரு பாத்திரத்தின் பெயர்.

பூன்மா மூன்று முறை அழைத்தான். "வீரயுத் காம்சிங், வேலை முடிஞ்சது, எந்திரிச்சு வாப்பா." மூடியைத் தள்ளினான்.

கோப் எழவில்லை. கண்கள் திறந்திருந்தன. முகமெல்லாம் வியர்வை.

"டேய் தவளை, நடிச்சது போதும்," என்றாள் சௌவரோஸ்.

"கால் வரலக்கா." அவன் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "சரியாக் கூப்பிடச் சொல்லுங்க."

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து பின்னால் போனாள். பூன்மா நூலைக் கீழே வைத்தான். "பேர் தப்பு."

"பயத்துல உளர்றாண்ணே."

ஏட்டு பையிலிருந்து புகைப்படத்தை எடுத்து விரித்தார். அதையும் மொட்டைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். சௌவரோஸ் கோப்பைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தாள். சொல்லாதே. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

"அனுசோர்ன் பிம்மசான். கூப்பிடுங்கண்ணே," என்றான் கோப்.

பூன்மா கூப்பிட்டான். ஏட்டு தடுக்கவில்லை. மூன்றாவது அழைப்பு முடியும்வரை கைகூப்பி நின்றார். கோப் எழுந்து உட்கார்ந்தான். பூன்மா அவன் மணிக்கட்டில் நூல் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் ஏட்டு கிட்டே வந்தார். நூலை மேலே ஒதுக்கிவிட்டு, அதற்குக் கீழே விலங்கை மாட்டினார்.

"உங்க கேஸ் தனி, டைரக்டரம்மா. ஊரை விட்டுப் போயிடாதீங்க."

கோப் தன் காலால் நடந்து படியிறங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை.

தோங் அவள் காதருகே வந்தான். "அக்கா, கேமரா ஓடிட்டே இருக்கு. நிறுத்தட்டுமா?"

அவள் திரையைப் பார்த்தாள். முன்னால் காலிப் பெட்டி. அதற்கப்பால், வெயிலில், போலீஸ் வேன். அவன் குனிந்து ஏறுவது தெளிவாகத் தெரிந்தது.

"இரு, ஓடட்டும்," என்றாள்.

பின்கதவு அறைந்து சாத்தப்பட்டது. ஏட்டு பூட்டைப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.