மருந்தில்லாத குடுவை

ஆகஸ்ட் 8, வெள்ளி. ஒரு சிறிய தவறு செய்திருக்கிறேன். புதன்கிழமை ஆறு குடுவைகளிலும் பூச்சிகளை விட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன், மருந்தில்லாத குடுவையில் பத்தொன்பதுதான் இருந்தன. இருபதாவதை எடுத்து விட்டபோது டிராப்பரைக் கழுவவில்லை. அது கடைசியாகத் தொட்டது மருந்து அதிகமுள்ள குடுவையை. இரண்டு நாளாக யாரிடமும் சொல்லவில்லை. இன்று மாலை சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு சூர்யகலா நோட்டை மூடினாள். மறுபடி திறந்து 'சிறிய' என்ற சொல்லை அடித்தாள். அது சிறியதா பெரியதா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததை எழுதக் கூடாது என்று பியூலா மேடம் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்.

போடியில் பகலெல்லாம் ஒரு ஏலக்காய்க் கடையில் காய் ரகம் பிரிப்பது அவள் வேலை. ஆறு மணிக்கு அங்கிருந்து கிளம்பி, கையில் ஏல மணத்தோடு கல்லூரியில் நடக்கும் தண்ணீர்ப் பரிசோதனைச் சான்றிதழ் வகுப்புக்கு வருவாள். வகுப்பில் பதினொரு பேர். கடைசி மாதம் ஆளுக்கொரு சோதனை செய்து காட்ட வேண்டும். அவள் துருசை எடுத்துக்கொண்டாள். புத்தகத்தில் காப்பர் சல்பேட் என்றிருக்கும் அந்த நீலக் கல்லை, பிறந்ததிலிருந்து துருசு என்றுதான் அவளுக்குத் தெரியும். ஏலச்செடியில் அழுகல் விழாமல் இருக்க மழைக்காலத்தில் துருசையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார்கள். போடிமெட்டைத் தாண்டி ஒரு தோட்டத்தில் அதை அடிப்பவர் அவளுடைய அப்பா கன்னையன்.

சோதனை எளிதானதுதான். கல்லூரியின் பின்பக்கச் சிமெண்டுத் தொட்டியில் நீர்த்தெள்ளு என்றொரு பூச்சி வளர்கிறது. கடுகில் பாதி அளவு இருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இதயம் துடிப்பது தெரியும். தண்ணீரில் செம்பு கொஞ்சம் சேர்ந்தாலும் மனிதனுக்கு முன்னால் இதற்குத் தெரிந்துவிடும். ஐந்து குடுவைகளில் துருசை வெவ்வேறு அளவில் கலந்து, ஆறாவதில் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒவ்வொன்றிலும் இருபது பூச்சிகளை விட்டு இரண்டு நாள் பார்க்க வேண்டும். அந்த ஆறாவது குடுவைதான் சாட்சி. அதில் இரண்டுக்கு மேல் செத்தால் மொத்தச் சோதனையும் செல்லாது.

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் இருக்கும், அது ஆகாது என்று மேடம் சொன்னபோது, "எங்க அப்பா மலைத்தண்ணி கொண்டு வருவாங்க மேடம்" என்று அவள் வாய் முந்திக்கொண்டது. வகுப்பில் வேறு யாராலும் தர முடியாத ஒன்று தன் வீட்டில் இருக்கிறதே என்று அன்றைக்கு ஒரு பெருமை. அப்பா செவ்வாய்க்கிழமை ஐந்து லிட்டர் கேன் நிறையக் கொண்டுவந்தார். ஆறு குடுவைக்கும் அந்தத் தண்ணீர்தான்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கறுப்புத் தாளின் மேல் குடுவைகளை வரிசையாக வைத்தாள். லேசாகச் சாய்த்து, பதினைந்து வரை எண்ணி, அசையாதவற்றைக் குறிக்க வேண்டும். மருந்தில்லாத குடுவையை முதலில் எடுத்தாள். சாய்த்தாள். அடியில் தவிடு மாதிரி கிடந்தவை தண்ணீரோடு சேர்ந்து ஒதுங்கின. மூன்று மட்டும் துள்ளின. அவள் மறுபடி பதினைந்து எண்ணினாள். மூன்றுதான்.

பக்கத்து மேசையில் ராஜ்கமல் எட்டிப் பார்த்தான். பகலில் டயர் கடை, மாலையில் வகுப்பு. வாய் மட்டும் எப்போதும் ஓயாது. "என்ன சூர்யா, உன் புள்ளைங்களுக்குத் திருஷ்டி பட்டுருச்சா?"

"பதினேழு போச்சு."

"யாரு பார்த்தா? பதினெட்டு உசுரோடன்னு எழுது. பூச்சி வந்து சாட்சியா சொல்லப் போகுது?"

அவள் சிரிக்கவில்லை. மேடம் வந்ததும் டிராப்பர் விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பியூலா மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மற்றக் குடுவைகளையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். மருந்து மிகக் குறைவாக இருந்த குடுவையில் பத்தொன்பது செத்திருந்தன. மற்ற நான்கிலும் இருபதுக்கு இருபது. பிறகு சாக்பீஸை எடுத்து, ஒரு துளியில் எவ்வளவு துருசு இருக்கும், அது ஒரு குடுவைத் தண்ணீரில் எவ்வளவாகக் கரையும் என்று போர்டில் கணக்குப் போட்டார்.

"ஒரு துளி இத்தனை பண்ணாதும்மா. அடுத்த தடவை கழுவுங்க, அது வேற. ஆனா இது உங்க கையில இல்ல. தண்ணியில இருக்கு. எங்க எடுத்தது?"

"ஓடையில மேடம். தோட்டத்துல."

"அதுக்கு மேல யாராவது மருந்தடிக்கிறாங்களா?"

"தெரியல மேடம்."

சொன்ன பிறகுதான் அது பொய் என்று உறைத்தது. பள்ளி விடுமுறையில் ஒருமுறை அம்மாவோடு ஜீப்பில் போனபோது பார்த்திருக்கிறாள். ஓடை திரும்பும் வளைவில் அப்பா மருந்து டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து கழுவினார். தண்ணீர் கொஞ்ச நேரம் மயில் கழுத்து நிறத்தில் ஓடியது. அழகாக இருக்கிறது என்று அவள் கைதட்டினாள். அதற்குக் கீழேதான் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் குடிக்க ஓஸ் குழாய் போட்டுத் தண்ணீர் எடுக்கிறார்கள். மத்தியானம் அப்பாவும் அதே தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவும் குடிப்பதும் அந்த ஓஸ் தண்ணீர்தான்.

சனிக்கிழமை கடையில் எட்டு எம்எம் சல்லடையை ஆட்டிக்கொண்டே அவள் அதையே நினைத்தாள். பெரிய காய் மேலே நிற்கும், சின்னது கீழே விழும். சல்லடைக்குச் சந்தேகம் கிடையாது. அவளுக்கோ சின்ன வயதிலிருந்து எல்லாமே சந்தேகம்தான். கதவைப் பூட்டினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவாள். எது தவறினாலும் முதலில் தன் கையைத்தான் பார்ப்பாள். இன்றைக்குத்தான் முதல் தடவையாக, தவறு தன் கையிலேயே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினாள். டிராப்பர் என்றால் நோட்டில் ஒரு வரி. தண்ணீர் என்றால் அறிக்கையில் ஓடையின் பெயரை எழுத வேண்டும், தோட்டத்தின் பெயரை எழுத வேண்டும். எழுதியது யார் மகள் என்று மலையில் விசாரிக்க ஒரு நாள் போதும். மதியம் வாங்கிய டீ ஆடை கட்டி ஆறிப்போனது. இரண்டு தடவை ஏழு எம்எம் காயை எட்டில் கொட்டிவிட்டு, உட்கார்ந்து பொறுக்கினாள்.

ஆறரை மணிக்கு ஜீப் தெருமுனையில் ஆட்களை இறக்கிவிட்டது. அம்மா மருதாயி தலைத்துணியை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள். அப்பா வாசல் குழாயில் கால் கழுவினார். அவர் நகக்கண்களில் நீலம் இருந்தது. ஆனியில் மருந்தடிக்கத் தொடங்கினால் ஐப்பசி வரை அது போகாது.

"என்னாத்தா, பூச்சிப் பரிச்சை என்னாச்சு?" என்றார்.

"செத்துருச்சுப்பா. மருந்து போடாததுலயும் செத்துருச்சு."

"அப்ப மருந்தே வேணாம் போலயே. எங்க முதலாளிக்கு மிச்சம்." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு துண்டை எடுத்தார்.

"தண்ணியிலயே செம்பு இருந்திருக்குமோன்னு மேடம் கேக்குறாங்க. நீங்க எங்க மோந்தீங்க?"

துண்டு முகத்தில் கொஞ்ச நேரம் அதிகமாகவே தங்கியது. "ஓடையிலதான். வேற எங்க மோப்பாங்க?"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "தண்ணியக் குத்தம் சொல்லாத. மலைத்தண்ணியாச்சேன்னு ராத்திரி பூராவும் செம்புக் குடத்துலல்ல ஊத்தி வச்சிருந்தேன்."

சூர்யகலா எழுந்துவிட்டாள். "எதுல?"

"குடத்துலதான். கேன்ல ஒரே பிளாஸ்டிக் வாடை. நாலு பேரு படிக்கிற எடத்துக்குப் போற தண்ணி, ஒருத்தர் மூக்கச் சுளிக்கக் கூடாதுல்ல? குடத்தைப் புளி போட்டுப் பளபளன்னு தேச்சு ஊத்தி வச்சேன். நீ வகுப்பு முடிஞ்சு வந்து படுத்துட்ட. வெள்ளனா ஜீப்புக்குப் போகையில திரும்பக் கேன்ல ஊத்திட்டுப் போனேன். ஏன், என்னா இப்ப?"

துருசில் இருப்பதும் செம்புதான். புளி போட்டுத் துலக்கிய செம்பில் ஒரு ராத்திரி நின்ற மலைத்தண்ணீர். மனிதர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. நாலு பேர் அதைத்தான் நல்லது என்று குடிக்கிறார்கள். கடுகில் பாதி இருக்கும் பூச்சிக்கு அது போதும்.  சூர்யகலா நடந்ததைப் புரியும்படி சொன்னாள்.

"பாத்தியா, உங்க ஆத்தா பாசம் வச்சா இப்படித்தான், தாங்காது" என்றார் அப்பா. முகம் தெளிந்துவிட்டது. "அப்பக் குடந்தான். குடம்னு எழுதிரு. சோலி முடிஞ்சது."

"ஆமா, என் தலையில போடுங்க" என்றாள் அம்மா. ஆனால் அவளுக்கும் முகம் தெளிந்திருந்தது.

எழுதிவிடலாம். உண்மையும்தான். சூர்யகலா நோட்டை எடுத்து, பேனா மூடியைத் திறந்து, 'செம்புக் குடம்' என்று எழுதினாள். கதவைப் பூட்டினோமா என்று திரும்பி வரவழைக்கும் அந்த அரிப்பு உடனே வந்துவிட்டது. குடம் ஒரு காரணம். அது ஒன்றேதான் காரணம் என்று யார் சொன்னது? துண்டு ஏன் முகத்தில் அவ்வளவு நேரம் இருந்தது?

"அப்பா, ஓடையில எந்த எடத்துல மோந்தீங்க?"

அவர் சுவரோரம் உட்கார்ந்து, ஒரு நகத்தால் இன்னொரு நகத்தைச் சுரண்டினார். அம்மா அடுப்பைத் தணித்தாள்.

"வளைவுக்கு மேல பாறை இருக்குல்ல, அதுக்கும் மேல போயி மோக்கச் சொன்ன. நெனப்பு இருந்துச்சு. அன்னைக்கு மழை. மேல ஏறுற வழியெல்லாம் அட்டை. ஜீப்புக்காரன் வேற வெரசா வாங்கன்னு ஆரனை அடிச்சுக்கிட்டே இருக்கான். வளைவுலயே மோந்துட்டேன்."

"டிரம்மு கழுவுற எடத்துலயா?"

"கழுவி ஒரு மணி நேரம் ஆச்சு. ஓடுற தண்ணிதான, போயிருக்கும்னு நெனச்சேன்."

அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் போயிருக்கலாம். மழையில் இன்னும் சீக்கிரம் போயிருக்கலாம். போகாமல் மண்ணில் தங்கியும் இருக்கலாம். அவளுக்குத் தெரியாது. அது அவள் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அங்கன கழுவச் சொன்னது மேஸ்திரி" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளைக் கலக்கியது. "நீ எழுதிக் குடுத்தா நாளைக்கு யாரைக் கேப்பாங்க? கழுவச் சொன்னவனையா, கழுவினவனையா?"

"நான் இன்னும் எதுவும் எழுதலப்பா."

"எழுதுனா?"

"தெரியாம எழுத மாட்டேன்."

"தெரிஞ்சா?"

 அம்மா மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள். "அந்த ஓஸுல லயத்துப் புள்ளைங்க வாயி வச்சுக் குடிக்கும்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். "நானும் பன்னெண்டு வருசமா குடிக்கிறேன்." பிறகு சோற்றைப் போட்டாள். மூவரும் சாப்பிட்டார்கள்.

கை கழுவிவிட்டு வந்து சூர்யகலா மறுபடி தண்ணீர் எடுத்துவர மேடம் நேற்று வகுப்பில் கொடுத்த நான்கு புதுப் பாட்டில்களைப் பையிலிருந்து எடுத்துத் துணியில் கவிழ்த்து வைத்தாள். நாளை ஞாயிறு, தோட்டத்துக்கு ஜீப் இல்லை, பஸ்ஸில்தான் போக வேண்டும். அப்பா பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மணி பஸ்சுல போயிருவோம்" என்றார் திடீரென்று. "வளைவுல உன்னால இறங்க முடியாது, வழுக்கும். நான் இறங்கி மோந்து தர்றேன்."

அவர் ஒரு பாட்டிலை எடுக்கக் கை நீட்டினார். அவளுக்கு என்ன வந்ததோ, "அப்பா, வேணாம்" என்று பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உங்க கை படக் கூடாது."

நீட்டிய கை அப்படியே நின்றது. அதைத் திருப்பி, குண்டு பல்பின் வெளிச்சத்தில் உள்ளங்கையையும் விரல்களையும் யாரோ ஒருவருடையதைப் பார்ப்பதுபோல் அவர் பார்த்தார். பிறகு எழுந்து வாசல் குழாய்க்குப் போனார். தண்ணீர் விழும் சத்தமும் செங்கல்லில் நகத்தைத் தேய்க்கும் சத்தமும் கேட்டன. ஐந்து நிமிடம் இருக்கும். அடுப்படி மூலையில் செம்புக் குடம் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் அம்மா புளி போட்டுத் தேய்த்த பளபளப்பு இன்னும் மங்கவில்லை.

சூர்யகலா நோட்டைத் திறந்தாள். 'செம்புக் குடம்' என்று எழுதியதை அடிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுக் கீழே எழுதினாள்.

ஆகஸ்ட் 9, சனி. மேடத்திடம் தெரியாது என்று சொன்னது பொய். திங்கள்கிழமை அதைச் சொல்ல வேண்டும். நாளை: காலை ஆறு மணி பஸ். பாட்டில் ஒன்று, பாறைக்கு மேலே. இரண்டு, வளைவில். மூன்று, லயத்து ஓஸில். நான்கு, பாறைக்கு மேலே எடுக்கும் தண்ணீரையே வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு ராத்திரி குடத்தில் வைத்து. ஒவ்வொன்றுக்கும் தனி டிராப்பர். மொள்வது நான் மட்டும். அப்பா கரையில் நிற்பார்.