கொடியின் முதுகு

வின்சி டீச்சர் யாருடைய தையல் வேலையைக் கையில் வாங்கினாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பாள். முன்பக்கம் யார் போட்டாலும் சுமாராக வந்துவிடும், போட்ட ஆளின் லட்சணம் பின்னால்தான் தெரியும் என்பது அவள் கட்சி. முடிச்சுத் தொங்குகிறதா, நூல் குறுக்கே பாய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தேன் இருக்கு" என்று ஓர் இழுவை இழுப்பாள். அந்த இழுவைக்குப் பயந்தே பள்ளத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் பாதி டீச்சர்கள் தங்கள் பூவேலையை அவள் கண்ணில் காட்டுவதில்லை.

அவளுடைய வேலை மட்டும் என்ன ஒசத்தி என்று யாரும் கேட்டுவிட முடியாது. மேட்டித் துணியின் சின்னச் சின்னக் கட்டங்களில், பெருக்கல் குறி போல நூலைக் குறுக்கும் மறுக்கும் விட்டுப் படம் கொண்டுவருகிற கிராஸ் தையலில் அவளுக்கு இருபது வருடக் கை. சாக்கோட்டைப் பக்கம் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், வின்சி போட்ட மயிலோ மாதாவோ கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும்.

அப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் லூர்து பிரகாஷ், ஊசியில் நூல் கோக்கத் தெரியாத பிறவி. காரைக்குடியில் தபால் ஆபீஸ் வேலை. இடது கைக்காரன். ஒரு முறை சட்டைப் பொத்தான் விழுந்தபோது அந்த இடத்தில் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டு வந்தான். அந்த மனுஷன்தான் போன வருடம் ஊர்க் கோயில் சூசையப்பரிடம் தன் சக்திக்கு மீறின ஒரு வாக்கைக் கொடுத்தான்.

ஆகஸ்டில் வின்சிக்கு டெங்கு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ரத்தத்தில் பிளேட்லெட் எனும் தட்டணு இறங்கிக்கொண்டே போனது. ஏழாம் நாள் காலையில் பிரகாஷ் ஊர்க் கோயிலுக்குப் போய், "இவ பொழச்சு வீட்டுக்கு வந்தா, உம்ம திருநாள் கொடியில உம்ம படத்தத் தங்க நூல் வச்சு என் கையாலயே தச்சுப் போடுறேன்" என்று நேர்ந்துகொண்டான். மறுநாளிலிருந்து தட்டணு ஏறத் தொடங்கியது. வின்சி வீட்டுக்கு வந்து முதல் கவளம் ரசஞ்சோறு வாயில் வைத்தபோது, கரண்டு பில் கட்டிவிட்டு வந்த விஷயம் போல இதைச் சொன்னான்.

"ஏங்க, ஒரு கட்டு மெழுகுதிரின்னு நேந்துக்கிறக் கூடாதா? நாலு பேருக்குச் சோறு போடுறேன்னு சொல்லிருக்கக் கூடாதா?"

"எனக்குச் சுளுவா வர்றத நேந்துக்கிட்டா அது என்ன நேர்ச்சை? உனக்குப் பிடிச்சது எதுன்னு யோசிச்சேன். அதேன் வாயில வந்துச்சு."

வின்சி முகத்தைக் காட்டாமல் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

கையில் லீலிப்பூக் கோலோடு சூசையப்பர் நிற்கிற படம். தலையைச் சுற்றின ஒளிவட்டமும், கோலின் பூவும், அங்கியின் கரையும் தங்கத்தில். வின்சி கட்டத்தாளில் வரைந்து கொடுத்தாள். ஐயாயிரத்துச் சொச்சம் கட்டம் வந்தது. வரைந்து கொடுக்கலாம், வாயால் சொல்லிக் கொடுக்கலாம், துணியைத் தொடக்கூடாது என்று பிரகாஷ் கறாராகச் சொல்லிவிட்டான். ஊசியிலாவது நூல் கோத்துத் தருகிறேன் என்றதற்கும், "என் கையாலயேன்னு சொல்லிருக்கேன்ல" என்றான். முதல் நாள் அவன் நூல் கோத்து முடிப்பதற்குள் டி.வி.யில் செய்தி முழுதும் வாசித்து முடித்துவிட்டார்கள்.

பருத்தி நூல் இரண்டு மூன்று மாதத்தில் அவன் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. தங்க நூல்தான் ஆட்டம் காட்டியது. மெட்டாலிக் நூல் என்பது நூலே இல்லை, நூல் வேஷம் போட்ட தகடு. முழங்கை நீளத்துக்கு மேல் வெட்டினால் முறுக்கிக்கொள்ளும். வேகமாக இழுத்தால் மேல்தோல் உரிந்து உள்ளே இருக்கிற வெள்ளை இழை பல்லைக் காட்டும். வின்சி எதிரே நாற்காலி போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்படி வைக்காவிட்டால் அவை தானாகப் போய்த் துணியைப் பிடுங்கிவிடும்.

"மெழுகுதிரித் துண்டுல நூல ஒரு தடவ இழுங்க. இப்பக் குத்துங்க. மெதுவா... மெதுவாங்க! தபால் மூட்டைய இழுக்கிற மாதிரியா இழுக்கிறீக?"

"நீ கத்துறதுலதேன் நூலு பிரியுது."

இன்னொரு தகராறும் இருந்தது. பெருக்கல் குறியில் மேலே வருகிற கால் எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும். இல்லாவிட்டால் தங்க நூல் ஒரு கட்டத்தில் மின்னும், அடுத்த கட்டத்தில் செத்துக் கிடக்கும். வின்சிக்கு அது எப்போதும் வலப்பக்கம் சாயும். இடது கைக்காரனுக்கு இடப்பக்கம்தான் சாய்ந்தது. மாற்றிக்கொள்ளச் சொன்னாள். நாலு நாள் மாற்றித் தைத்தான், நாலு நாளும் உட்கார்ந்து பிரித்தான். அதற்கு மேல் அவளுக்கே பாவமாகப் போயிற்று. "சரி, எங்குட்டுச் சாஞ்சாலும் சாயட்டும். கடைசி வரைக்கும் அங்குட்டே சாயட்டும்" என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் அவன் காப்பி குடிக்க எழுந்தபோது, துணியைத் தொடாமல், அடிஸ்கேலால் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். காக்காக் கூடு. முடிச்சின் மேல் முடிச்சு. ஒளிவட்டத்திலிருந்து கால் செருப்புக்கு ஒரு நூல் நேர்வழியில் பயணம் போயிருந்தது. வேறு யாருடையதாக இருந்தாலும் அந்த இழுவையை இழுத்திருப்பாள். ஆனால் பிரகாஷ் காப்பி டம்ளரோடு வாசல்படியில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரொம்ப மோசமா இருக்கா?"

"பின்பக்கத்த யாருங்க பாக்கப் போறா? முன்னால சாமி எப்படி ஜொலிக்கிறாரு பாருங்க" என்றாள்.

இருபது வருடத்தில் அவள் வாயிலிருந்து வராத சொல். அவள் போட்டதெல்லாம் சட்டத்துக்குள் போய்ச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்ட படங்கள். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். அவனும் நிம்மதியாக நம்பிவிட்டான்.

ஏழு மாதம் கழித்து, ஏப்ரல் பத்தாம் தேதி கடைசிக் கட்டம் முடிந்தது. மே ஒன்று திருநாள், ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதியே கொடியேற்றம். அன்றைக்கே கொடிமரத்துக் கயிற்றுக்கு அளவு பார்க்கக் கோயில்பிள்ளை இஞ்ஞாசிமுத்து வீட்டுக்கு வந்தார். கோயிலில் மணி அடிப்பதிலிருந்து கொடி கட்டுவது வரைக்கும் எல்லாம் அவர் பொறுப்பு. துணியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அடேயப்பா பிரகாசு, முத்திர குத்துற கையா இது! அன்னைக்குக் கோயில் படியில உக்காந்து சின்னப்புள்ள கணக்கா நீ தேம்புன தேம்பலு இன்னும் என் காதுல நிக்கிது. சாமி கேக்காம இருப்பாரா?"

வின்சி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான். நேர்ந்த கதையை அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அழுத கதையைச் சொன்னதில்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் இஞ்ஞாசிமுத்து துணியைத் திருப்பினார். "ஆமா, இங்குட்டுச் சாமி எங்க?"

"எங்குட்டுண்ணே?" என்றாள் வின்சி.

"இந்தா, இங்குட்டுத்தேன். கொடிமரத்துக்கு அங்குட்டு வடக்குத் தெரு, இங்குட்டுத் தெக்குத் தெரு. வடக்குத் தெருக்காரகளுக்குச் சாமி, தெக்குத் தெருக்காரகளுக்கு இந்த நூல்கண்டா? கொடின்னா ரெண்டு பக்கமும் தெரியும்ல தாயி?"

வின்சிக்குக் காது சூடாகிவிட்டது. ஊரில் உள்ளவர்கள் துணியையெல்லாம் திருப்பிப் பார்த்தவள், கொடிக்கும் ஒரு முதுகு உண்டு என்பதை மறந்தே போனாள். குற்றம் முழுக்கத் தன்னுடையது என்று அவளுக்குத் தெரிந்தது.

"வேணும்னா பின்னால வெறுந்துணி வச்சு மறச்சிரலாம்" என்று அவரே இறங்கி வந்தார்.

"வேணாம்ணே" என்றான் பிரகாஷ் சிரித்தபடி. "கொடின்னு நேந்துட்டுப் பாதிக் கொடி போடக்கூடாது. இந்த வருசம் பழசையே ஏத்திருங்க. அடுத்த வருசத்துக்குள்ள மறுபக்கத்தையும் முடிச்சிருறேன்."

அவர் தெருவைத் தாண்டும் வரை அந்தச் சிரிப்பு இருந்தது. பிறகு துணியை மடித்து பீரோவில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். சாயங்காலம் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தது வைத்தபடி ஆறியது. இடியாப்பத்தை வேண்டாம் என்கிற ஆள் இல்லை அவன்.

"என்கிட்டக் குடுங்க. பரீட்ச முடிஞ்சு எனக்கு லீவுதான. பத்து நாள்ல முடிச்சிருவேன்."

"உன் கை பட்டா என் நேர்ச்ச என்னாகுறது?"

வின்சி ஆறிப்போன இடியாப்பத்தை மூடி வைத்தாள். பிறகு, "படியில உக்காந்து அழுதீகளா?" என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான். "பயமா இருந்துச்சு வின்சி. வேற என்ன செய்யன்னு தெரியல."

வின்சி எழுந்தாள். கூடத்து அலமாரியில் இருந்த சூசையப்பர் படத்துக்கு முன்னால் போய், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"நேந்தாச்சு."

"என்னத்த?"

"நீங்க எனக்காக நேந்தீக. உங்களுக்காக நேர ஆள் வேணாமா? ஒண்ணு கேட்டிருக்கேன். அதுக்குக் கொடியோட மறுபக்கத்த என் கையாலயே தச்சுப் போடுறேன்னு சொல்லிட்டேன். உங்க பக்கம் உங்க நேர்ச்ச, என் பக்கம் என் நேர்ச்ச. என் துணிய நீங்க தொடக்கூடாது."

"கேட்டது கெடச்ச பெறகுதானடி செலுத்தணும்?"

"எனக்குச் சூசையப்பர் மேல நம்பிக்க இருக்கு. உங்களுக்கு இல்லையா?"

சூசையப்பர் படத்துக்கு எதிரிலேயே வைத்துக் கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? முதலில் முழித்தான், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்து முடித்ததும் இடியாப்பம் எங்கே என்று கேட்டான்.

அந்தப் பத்து நாளும் வீடு கல்யாண வீடாக இருந்தது. பிரகாஷ் லீவு போட்டுவிட்டுச் சமையலை எடுத்துக்கொண்டான். மூன்று வேளையும் உப்புமா. வின்சி அதையும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். முதுகோடு முதுகாக வைக்கப்போகிற படம் என்பதால் எல்லாவற்றையும் இடம் வலமாகத் திருப்பித் தைக்க வேண்டியிருந்தது. அவன் கட்டத்தாளை எதிரே விரித்து வைத்து, வலமிருந்து இடமாக வாசித்தான். "ஏழு தங்கம், மூணு பழுப்பு, திரும்ப ரெண்டு தங்கம்." இப்போது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்வது அவன் முறை.

"மெழுகு தடவுனியா? மெதுவா இழு. எதுக்கு இம்புட்டு வேகம்?"

"வாய மூடிட்டுக் கட்டத்த வாசிங்க."

தங்க நூல் அவளையும் சும்மா விடவில்லை. இரண்டு தடவை பிரிந்தது, ஒரு தடவை ஊசிக் காதிலேயே அறுந்தது. கழுத்து வலித்தது. ஆனாலும் தான் பாடிக்கொண்டே தைப்பதை நாலாம் நாள்தான் அவள் கவனித்தாள். இத்தனை வருடமும் ஒற்றை ஆளாக உட்கார்ந்து தைத்தவளுக்கு, பக்கத்தில் ஒருவர் கட்டம் வாசிப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று தெரியாமல் போயிற்று.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் இரண்டு துணியையும் முதுகோடு முதுகாகச் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்கள். அவன் ஒளிவட்டத்து ஓரத்தில் அவள் ஒரு குண்டூசியைக் குத்தினாள். இந்தப் பக்கம் அவளுடைய ஒளிவட்டத்து ஓரத்திலேயே வந்து நின்றது. பூவில் குத்தினாள், பூவில் வந்தது. பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, இரு பக்கத்து அங்கிக் கரையையும் ஊடுருவிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவன் இடப்பக்கம் சாய்த்தது, அவள் வலப்பக்கம் சாய்த்தது. முதுகோடு முதுகு சேர்ந்ததும் அவனுடைய இடம் அவளுக்கு வலமாகி, இரண்டு பேருடைய தங்கமும் ஒரே பக்கம் சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தது.

"என்ன வின்சி, தப்பா?"

"நல்லவேள, நீங்க நான் சொன்னதக் கேக்கல" என்றாள்.

சுற்றிலும் மஞ்சள் சாட்டின் கரை வைத்துத் தைத்தார்கள். அவனுடைய காக்காக் கூடும் அவளுடைய சுத்தமான பின்பக்கமும் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி மூடிக்கொண்டன.

மறுநாள் சாயங்காலம் கோயில் முன்னால் இரண்டு தெருவும் கூடிவிட்டது. கொடியை மடித்து உள்ளே ரோஜா இதழ் வைத்துக் கயிற்றில் கட்டப் போன இஞ்ஞாசிமுத்து, "டீச்சரு, எது முன்பக்கம்? அத வடக்குத் தெருவப் பாக்கக் கட்டணும்" என்றார்.

வின்சி கொடியை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பழக்கம் விடுமா? இன்னொரு தடவையும் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டும் முன்பக்கந்தேண்ணே. எப்படிக் கட்டுனாலும் சரி."

பங்குச் சாமியார் செபித்து முடித்ததும் கயிறு இழுபட்டது. உச்சியில் மடிப்பு அவிழ்ந்து ரோஜா இதழ்கள் கொட்டின. வேட்டுச் சத்தத்தில் புறாக்கள் பறந்தன. இரண்டு பக்கத்து ஃபோகஸ் விளக்கும் எரிந்தன. தங்க நூல் கனத்தில் கொடி படபடக்கவில்லை, நிதானமாக அசைந்து திரும்பியது. ஒளிவட்டம் பளீரென்று மின்னியபோது வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் ஒரே நேரத்தில் "மரியே வாழ்க" என்று கத்தின. சூசையப்பர் கொடிக்கு மரியே வாழ்க என்று கத்தினால், மாதாவின் புருஷனான அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

"இப்பவாவது சொல்லு. எனக்காக என்ன கேட்ட?" என்றான் பிரகாஷ், அவள் காதருகே குனிந்து.

வின்சி கொடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இந்த மனுசன் எனக்காக இன்னொரு தடவ அந்தப் படியில உக்காந்து அழுகுற மாதிரி வைக்காதேயும்னு கேட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இடது புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போச்சு, பாரு. நேர்ச்ச செலுத்துன அன்னைக்கே அழுதுட்டேன்" என்றான்.

"நின்னுக்கிட்டுத்தான அழுகுறீக? அது பரவால்ல" என்று சொல்லி, தன் முந்தானையை அவனிடம் நீட்டினாள் வின்சி.