வெட்டுக்காரசாமிக்கு எண்ணெய்

தர்மனின் இடது காதை வீரபத்திரன் கடித்துத் துப்பிய வருஷத்தில்தான் காந்தா பிறந்தாள். துப்பினார் என்று சொல்வது வீரபத்திரன் கட்சி. விழுங்கி ஏப்பம் விட்டார் என்பது பார்த்தவர்கள் கட்சி. காதில்லாத தர்மன் சும்மா இருப்பாரா? தறியிலிருந்து படமரத்தை உருவிக்கொண்டு வந்தார். நெய்த சேலையைச் சுற்றி வைக்கிற ஆள் நீளக் கட்டை அது. ஒரே வீச்சில் வீரபத்திரனின் முன்பல் இரண்டும் பறந்தன. ஒன்று மட்டும் ஏரியைத் தாண்டிப் போய்ப் பக்கத்து ஊரான கூரத்தில் ஒருவர் சோற்றில் விழுந்ததாகப் பேச்சு.

சண்டைக்குக் காரணம் ஒரு கல். எந்தக் காலத்திலோ வெட்டுப்பட்டுச் செத்த வீரனுக்காக ஏரிக்கரைப் பனைகளுக்கு நடுவே நட்டது. வெட்டுக்காரசாமி என்று பெயர். வருஷா வருஷம் காணும் பொங்கலன்று அவன் வம்சத்தார் முதல் எண்ணெய் ஊற்ற வேண்டும். அந்த வம்சம் நாங்கள்தான் என்றார் மேல வீட்டு வீரபத்திரன். நாங்கள்தான் என்றார் கீழ வீட்டு தர்மன். இவர் ஒரு படி ஊற்றினால் அவர் ஒரு குடம் ஊற்றுவார். இப்படியே பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து போட்டி போட்டு ஊற்றிய எண்ணெயும் அப்பிய மஞ்சளும் குங்குமமும் இறுகிக் கறுத்து, கல் ஒரு சினை எருமையின் பருமனுக்கு வந்துவிட்டது. உச்சியில் ஒரு கொண்டை மட்டும் தெரியும். கொண்டைக்குக் கீழே இருப்பவனைப் பார்த்த ஒருத்தரும் உயிரோடு இல்லை.

இந்த லட்சணத்தில் வீரபத்திரனின் மகள் காந்தாவுக்கு ஆசை வந்தது தர்மனின் மகன் அர்ஜுனன் மேல். இருவரும் சின்ன காஞ்சிபுரத்து முதலாளி வீட்டுக்குப் பட்டுச் சேலை கொண்டுபோய்க் கொடுப்பவர்கள். திரும்பும் வழியெல்லாம் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான், அவள் அவன் பரம்பரையையே திட்டிக்கொண்டு வருவாள். காதல் அப்படித்தான் முற்றியது.

ஆனால் ஊர்க்கணக்கில் இரண்டு வீடும் பங்காளிகள். ஒரே வம்சத்துப் பிள்ளைகள் அண்ணன் தங்கை முறை, கட்டிக்கொள்ளக் கூடாது. காந்தா ஒரு நாள் தறிக்குழிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“நைனா, கீழ வூட்டுக்காரங்க நம்ம வம்சமா?”

“அந்தப் பேமானியா? அவனை மாதிரி ஒரு நாய்கூட நம்ம வம்சத்துல பொறந்ததில்ல!”

“அப்ப முறை ஒண்ணும் இடிக்கல. அர்ஜுனனைக் கட்டிக்கவா?”

தறியில் ஊடை நூல் ஓட்ட வீரபத்திரன் கையில் வைத்திருந்த நாடா பறந்து வந்தது. காந்தா தலையைத் தாழ்த்தினாள். இரும்பு முனை சுவரில் குத்தி நின்று ஆடியது.

“பங்காளி வூட்டுப் பையனையா? அண்ணன்டி அவன்!”

“இப்பத்தானே வம்சமே இல்லன்னு சொன்னே?”

“எண்ணெய் ஊத்தறதுக்கு இல்ல. கல்யாணத்துக்கு உண்டு. இதுகூடத் தெரியாம இன்னாத்த வளந்துக்கினு இருக்கே!”

கீழ வீட்டில் அர்ஜுனனும் இதே கேள்வியைக் கேட்டான். இதே பதில்தான் கிடைத்தது. அங்கே பறந்தது உலக்கை.

அறுபத்தெட்டாம் வருஷம் காணும் பொங்கல் வந்தது. இந்தத் தடவை வழக்கை ஒரேயடியாக முடித்துவிடுவது என்று வீரபத்திரன் ரகசியமாக ஒரு சாட்சியைப் பிடித்து வைத்திருந்தார். தர்மனும் ரகசியமாக ஒரு சாட்சியைப் பிடித்து வைத்திருந்தார். ஏரிக்கரையில் இரண்டு கூட்டமும் கம்பும் அரிவாளுமாக எதிரெதிரே நின்றன.

“எங்க குலவரிசையை ஓலையைப் பார்த்துப் பாடப் போறாரு. கேட்டுக்கினு ஓடிப் போயிடு!” என்று வீரபத்திரன் கையைக் காட்டினார்.

“எங்க குலவரிசையையும்தான் பாடப் போறாரு!” என்று தர்மனும் கையைக் காட்டினார்.

இரண்டு கையும் ஒரே ஆளைக் காட்டின. ஊர் ஊராகப் போய் வம்சாவளி பாடுகிற குமாரசாமி. மதியம் மேல வீட்டில் கோழி, சாயங்காலம் கீழ வீட்டில் ஆட்டுக்கறி என்று ஒரு வாரமாக இரண்டு பக்கமும் வளைத்துக் கட்டியவர். ஓலைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நாலு பக்கமும் கும்பிட்டார்.

“வெட்டுக்காரர் பெத்த மகன்... ரெண்டு வூட்டுக்கும்...” என்று இழுத்தார். அடுத்த வரி வருவதற்குள் காற்றில் இருந்தார். அந்த இரண்டு வீடும் சேர்ந்து செய்த ஒரே நல்ல காரியம், அவரைத் தூக்கி ஏரியில் வீசியதுதான். ஓலைகள் தண்ணீரில் பரவின. கெண்டை மீன்களெல்லாம் வம்சாவளி படித்தன.

பிறகு விழுந்த அடி இருக்கிறதே! கம்பு முறிந்தது, முறிந்த கம்பால் மண்டை உடைந்தது. ஒருவர் தாடை இடம் மாறிற்று. ஒருவர் விரல் போன இடம் தெரியவில்லை. ரத்தம் ஏரிக்குள் வழிந்து, மறு வாரம் வரை கொக்குகள் சிவப்பாகத் திரிந்தன. அர்ஜுனன் எல்லாரையும் வலது கையால் அடித்தான். வீரபத்திரனை மட்டும், மாமனாராக வரப்போகிறவர் ஆயிற்றே என்று, இடது கையால் அடித்தான்.

தர்மன் படமரத்தைத் தலைக்கு மேல் சுழற்றி வீரபத்திரனைக் குறிவைத்து இறக்கினார். வீரபத்திரன் விலகினார். அடி வெட்டுக்காரசாமி மேல் விழுந்தது. எருமைத் தண்டி மொத்தையில் ஒரு பக்கம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காந்தா பார்த்தாள். பெயர்ந்த இடத்தில், தரையை ஒட்டி, ஒரு முழங்கை தெரிந்தது. கொண்டைக்காரனுக்கு அந்த இடத்தில் முழங்கை இருக்க வழியே இல்லை. அப்படியானால் அது இன்னொருத்தன் கை.

பொங்கல் வைக்கக் கொதித்துக்கொண்டிருந்த உலைத் தண்ணீரைப் பானையோடு தூக்கிவந்து கல்லின் மேல் கொட்டினாள். தடுக்க வந்த சித்தப்பன் காலிலும் மிச்சத்தைக் கொட்டினாள். கீழே கிடந்த அரிவாளை எடுத்து, முதுகுக்குப் பின்னால் மண்டைகள் உடைய உடைய, சுரண்டு சுரண்டென்று சுரண்டினாள். கொண்டைக்காரனின் மார்பு வந்தது. அவன் கையில் வாள் வந்தது. அந்த வாள் இறங்கிய வயிறு வந்தது. வயிற்றுக்குச் சொந்தக்காரன் அவன் காலடியில் விழுந்து கிடந்தான்.

“ரெண்டு பேருடா!” என்று கத்தினாள். “ஒருத்தன் இல்ல, ரெண்டு அப்பன்! ஒருத்தன் மேல வூட்டுக்கு, ஒருத்தன் கீழ வூட்டுக்கு. வேற வேற வம்சம். பங்காளியும் இல்ல, கிங்காளியும் இல்ல!”

சண்டை நின்றது. ரத்தம் வழிகிற முகங்கள் கல்லைச் சூழ்ந்தன. அர்ஜுனன் உதடு கிழிந்த வாயோடு சிரித்தான்.

அப்போது வீரபத்திரன் தொண்டையைச் செருமினார். “நிக்கிறவன் எங்க பாட்டன்.”

“ஆசையைப் பாரு. நிக்கிறவன் எங்க பாட்டன்டா. குத்து வாங்கிக்கினு கெடக்கறானே, அவன் மூஞ்சியைப் பாரு, உன் மூஞ்சிதான்!” என்றார் தர்மன்.

முதல் சண்டை வெறும் ஒத்திகை என்று ஆயிற்று. இப்போது விழுந்ததுதான் நிஜ அடி. காந்தா கணக்குப் போட்டாள். இரண்டு வீடும் ஒருத்தனையே பாட்டன் என்றால் மறுபடியும் ஒரே வம்சம், மறுபடியும் அண்ணன் தங்கை. யாராவது ஒருவர் கீழே கிடப்பவனை எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் எடுத்துக்கொண்டால் செல்லாது, பெண் பேச்சில் வம்சம் நிற்காது. நைனா வாயால் வர வேண்டும். குத்துப்பட்டுக் கிடப்பவனைத் தன் பாட்டன் என்று சொல்கிற வாயா அது?

வாய் என்று நினைத்ததும் அவள் கண் கல்லுக்குப் போயிற்று. கீழே கிடந்தவனின் தலை நிற்கிறவனின் கெண்டைக்காலை ஒட்டி இருந்தது. வாய் திறந்திருந்தது. வாய்க்கும் காலுக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் கறுப்பு மொத்தை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டினால் உள்ளே பல் இருக்கலாம், வெறும் சந்தும் இருக்கலாம்.

அவள் அரிவாளை ஏரிக்குள் விட்டெறிந்தாள். அப்போதுதான் கரை ஏறிக்கொண்டிருந்த குமாரசாமி மறுபடியும் முங்கினார்.

“நைனா! அடிக்கிறதை நிறுத்திட்டு இங்க வந்து பாரு. கெடக்கறவன் சும்மா கெடக்கல. கடிச்சிக்கினு இருக்கான்!”

வீரபத்திரன் ஒரு கழுத்தைக் கையிடுக்கில் வைத்தபடியே வந்து குனிந்தார். பார்த்தார். நாக்கு தானாகப் பல் போன சந்தைத் தடவியது. இடுக்கிலிருந்த கழுத்தைக் கீழே போட்டுவிட்டார்.

தர்மனும் எட்டிப் பார்த்தார். அவர் கை காது இருந்த இடத்துக்குப் போயிற்று. “அதே வாய்தான்டா,” என்றார் முனகலாக. “வேற சாட்சி இன்னாத்துக்கு? அதே வாய்தான்.”

“வயித்துல வாள் எறங்கியும் வுடலியேடா எங்கப்பன்!” வீரபத்திரன் கல்லைக் கட்டிக்கொண்டு ஊரே நடுங்க அழுதார். “நின்னுக்கினு குத்தறதுக்கு எவனாலயும் முடியும். கீழ கெடந்து கடிக்கிறவன்தான்டா ஆம்பள! இவன்தான் எங்க பாட்டன். எவனாவது உரிமை கொண்டாடினா குடலை உருவிடுவேன்!”

ஒருவரும் உரிமை கொண்டாடவில்லை. நிற்கிறவன் கிடைத்துவிட்ட சந்தோஷம் தர்மனுக்கு. காந்தாவுக்கு மட்டும் ஒரு பயம்.

“நைனா, கொன்னவன் வூட்டுக்குப் பொண்ணு குடுப்பியா?”

“அந்தப் பழிக்குத்தான் அன்னிக்கே காதை எடுத்துட்டேனே! கணக்கு நேராப் போச்சு. சம்பந்தி, இன்னா சொல்றே?”

சம்பந்தி இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

மாசியில் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனுக்குத் தாடை கட்டுப் போட்டிருந்தது, நாதஸ்வரக்காரரைத் தவிர எல்லார் தலையிலும் வெள்ளைத் துணி. பந்தியில் முதல் இலை யாருக்கு என்பதில் நாலு பேருக்குப் புதிதாகக் கட்டுப் போட வேண்டியிருந்தது.

மறு வருஷம் காணும் பொங்கலுக்கு இரண்டு வீடும் தனித்தனிப் பாட்டனுக்குத் தனித்தனியாக எண்ணெய் கொண்டுவந்தன. காந்தா முந்திக்கொண்டு, தன் கிண்ணத்தை வாய்க்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் கவிழ்த்தாள். மேலே ஒரு பிடி மஞ்சளையும் அப்பி அழுத்தினாள்.

“அங்க இன்னாத்துக்குமே இவ்ளோ அப்புறே?” என்றான் அர்ஜுனன்.

“நம்ம கல்யாணம் அதுலதான் ஒட்டிக்கினு இருக்குது. நீ போய் அங்க யாரு யாரை அடிக்கிறாங்கன்னு பாரு.”