கால்வினை வழியனுப்பிய ஞாயிற்றுக்கிழமை

என் அக்கா மகன் கால்வின் ஆறடி எட்டு அங்குலம். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு சர்ச்சில் அவன் தலைமேல் கைவைத்து ஜெபிப்பதற்கு அவன் முட்டி போட வேண்டியிருந்தது. அப்படியும் சிஸ்டர் இமோஜின் நுனிக்காலில்தான் நின்றார்.

2017 மே மாதம். கால்வின் இங்கே இந்தியானாவில் எங்கள் ஊர்க் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு இரண்டு வருடம் ஆடி முடித்திருந்தான். இன்னும் இரண்டு வருடம் பாக்கி. ஆனால் பெரிய தொழில்முறை அணிகள் வருஷா வருஷம் ஆள் எடுக்கும் என்.பி.ஏ. டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டான். பெயர் கொடுத்தால் போய்விட்டான் என்று அர்த்தமில்லை. அடுத்த புதன்கிழமைக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுக்காமல் விட்டு, எந்த அணியும் அவனைத் தேர்ந்தெடுக்காவிட்டால், அங்கேயும் இடம் இல்லை, கல்லூரியிலும் ஆட முடியாது.

இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தப்பு என்னுடையதுதான்.

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். டிப்போவில் ஹோரஸ் என்று ஒருவர், எங்கள் சர்ச்சில் டீக்கன். அவர் கேட்டார்.

"என்ன அர்வின், மருமகன் பேர் குடுத்துட்டானாமே?"

"குடுத்தாச்சு. இனிமே அவன் நம்ம கையில இல்ல" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். சுற்றி நாலு டிரைவர்கள் இருந்தார்கள்.

மறுநாள், சர்ச் விருந்துகளைக் கவனிக்கும் சிஸ்டர் இமோஜின் போன் செய்தார். "பையனுக்கு சாக்லேட் கேக் பிடிக்குமா, வெனிலாவா?"

அவன் இன்னும் போகவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "சாக்லேட்" என்றேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச்சுக்குக் கீழே உள்ள ஹாலில் வழியனுப்பு விருந்து. பொரித்த கோழி, சீஸ் போட்ட மக்ரோனி, கீரை, எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து வந்தது. கேக்கில் கால்வின் படம். எந்த அணிக்குப் போவான் என்று தெரியாததால் சட்டையை வெள்ளையாக விட்டுவிட்டார்கள், பார்க்க பல் டாக்டர் மாதிரி இருந்தான். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று பயணப் பெட்டிகள் பரிசு. பிறகு அந்த ஜெபம். இமோஜின் அழுதுவிட்டார்.

நான் சமையலறையில் கரண்டி கழுவிக்கொண்டிருந்தேன். கால்வின் நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தான்.

"மாமா, நேத்து ஒரு டீம்லேர்ந்து பேசினாங்க."

"என்னன்னு?"

"மொத்தம் அறுபது பேர எடுப்பாங்கல்ல. நான் அம்பதுக்கு மேலயாம். எடுக்காமலே விட்டாலும் ஆச்சரியம் இல்லையாம்."

"ஏனாம்?"

"இடது பக்கம் திரும்பறப்ப பஸ் மாதிரி திரும்பறேனாம்."

"பஸ்ஸுக்கு என்னடா கொறச்சல்?"

அவன் சிரிக்கவில்லை.

"சரி, அப்ப பேர எடுத்துடு. இன்னும் மூணு நாள் இருக்கே" என்றேன்.

"எப்படி மாமா? பெட்டி குடுத்துட்டாங்க. ஜெபம் பண்ணிட்டாங்க. இதுக்கப்பறம் அடுத்த ஞாயித்துக்கெழமை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து உக்கார்றது? பேர விட்டுடறேன். ஆனது ஆகட்டும்."

அவன் அம்மா ரோவீனா காலித் தட்டுகளோடு பின்னாலேயே வந்திருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள்.

"கேக்குக்காகவா லீக்குக்குப் போற?"

"அம்மா..."

"போகணும்னு தோணினா போ, நான் தடுக்கல. வெக்கப்பட்டுக்கிட்டுப் போகாத. ஊர் ஒரு வாரம் பேசும், அப்பறம் வேற ஆள் கெடைப்பான்." தட்டுகளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இவங்களுக்கு யாரு சொன்னா, இவன் போயிட்டான்னு?"

நான் கழுவிய கரண்டியையே திரும்பக் கழுவினேன்.

"அர்வின்."

"சரிக்கா. போறேன்."

ஹாலுக்குப் போய் அந்தக் கரண்டியாலேயே மேஜையைத் தட்டினேன். பெயர் கொடுப்பது வேறு, போவது வேறு, இரண்டையும் ஒன்று மாதிரி பேசியது நான்தான் என்று சொன்னேன். யாரும் கோழியைக் கடிக்கவில்லை.

ஹோரஸ்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப பண்ணின ஜெபம்?"

"அது எங்கயும் போயிடாது. எப்ப போறானோ அப்ப எடுத்துக்கட்டும்" என்றார் பாஸ்டர்.

இமோஜின் எழுந்து என் எதிரில் வந்து நின்றார். "ஒரு முழு ராத்திரி முழிச்சு அந்தக் கேக்க செஞ்சேன் அர்வின். சாக்லேட் பிடிக்கும்னு சொன்னியே, அதாச்சும் நெஜமா?"

"எனக்குத்தான் பிடிக்கும் சிஸ்டர்."

பாஸ்டர் இருமுகிற மாதிரி சிரித்தார். மற்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது, ஹாலே சிரித்தது. இமோஜின் மட்டும் சிரிக்கவில்லை. கதவோரம் நின்ற கால்வினிடம் போனார்.

"ஆளாளுக்குப் பேசறோம். நீ என்னடா சொல்ற?"

"இன்னும் ஒரு வருஷம் ஆடிட்டுப் போகலாம்னு இருக்கு சிஸ்டர். ஆனா பயமாவும் இருக்கு. அடுத்த வருஷம் முழங்கால் போச்சுன்னா, இப்ப இருக்கற இந்த அம்பதும் கெடைக்காது."

"இப்பவே போனா பயம் இல்லையா?"

"அதுவும் இருக்கு."

"ரெண்டு பக்கமும் பயம்னா, எந்தப் பக்கம் சாப்பாடு எறங்கும் உனக்கு?"

"இங்க இருந்தா."

"அப்ப எழுது."

பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அங்கேயே சுவரில் சாய்ந்து போனில் எழுதினான். மூன்றே வரி. ரோவீனா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் அனுப்பினான். கை தட்ட வேண்டுமா என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் தட்டவில்லை. ரோவீனா மட்டும் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எட்டிய வரைக்கும்.

"சரி" என்றார் இமோஜின். "ஊரை விட்டுப் போறவன வேல வாங்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு நேரம் உன்ன உக்கார வச்சிருந்தோம். இப்ப நீ இங்கதான இருக்கப்போற. பதினாலு மேஜை இருக்கு, மடிச்சு அடுக்கு."

கால்வின் கைக்கு ஒன்றாக, இரண்டிரண்டு மேஜைகளாகத் தூக்கினான். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகவே போய் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தேன்.